பத்தொன்பது பெட்டி போனது, மூடிதான் மானத்தை வாங்கியது

யாழ்ப்பாணம் நல்லூர்த் திருவிழாக் காலத்தில் கோயிலுக்குக் கிட்ட நடந்த ஒரு சின்னக் கைவினைச் சந்தையில், நான் இழைத்த பனையோலைப் பெட்டிகளை விற்க முதல்முறையாக மேசை போட்டேன். முதலில் வந்தவர் பட்டுச்சேலையும் திருநீறுமாக ஒரு அம்மா. எட்டு நாள் குந்தியிருந்து இழைத்த நீலக்கோட்டுப் பெட்டியைத் தூக்கினார். பின்னலையும் பார்க்கவில்லை, சாயத்தையும் பார்க்கவில்லை. மூடியைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. இன்னொரு தரம் இழுத்தார். "பிள்ளை, உது திறபடாது போலக் கிடக்கு" என்று வைத்துவிட்டுப் போய்விட்டார்.

இரண்டு நாளும் இதே கதை. பெட்டியைக் கையில் எடுத்த ஆள் முதலில் செய்வது மூடியைத் திறந்து மூடிப் பார்ப்பதுதான். பன்னவேலை, அதாவது ஓலை இழைக்கிற வேலை, செய்கிற எவரும் இதை எனக்கு ஏன் சொல்லவில்லை?

பிழை எங்கே என்று வீட்டுக்கு வந்துதான் பிடித்தேன். அடிப்பெட்டிகளை முந்தின மாதமே இழைத்து வைத்திருந்தேன், நன்றாகக் காய்ந்திருந்தன. மூடிக்கு எண்ணிக்கை அதேதான், ஓலையை மட்டும் ஒரு மயிரிழை அகலமாக வார்ந்தேன். ஈரமாக இருக்கும்போது போட்டுப் பார்த்தால் வெண்ணெய் மாதிரி இறங்கியது. சந்தோசத்தில் கழற்றி விறாந்தையில் தனியாகக் காயவைத்தேன். சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று வேறு அடித்துக்கொண்டிருந்தது. ஒரே நாளில் சுருங்கிவிட்டது.

இப்போது மூடியை அடிப்பெட்டியின் மேலேயே போட்டுக் காயவிடுகிறேன், இடையில் கடதாசி வைத்து. ஒரு சுற்று வைத்தால் இறுக்கம். மூன்று சுற்று வைத்தால் பெட்டியைக் கவிழ்த்தவுடன் மூடி விழுகிறது. இரண்டு சுற்றுச் சரி. ஆனால் பழைய பேப்பர் வேண்டாம். ஈர ஓலையில் மை ஒட்டி, மூடிக்குள்ளே மரண அறிவித்தல் ஒன்று தலைகீழாக வாசிக்கக்கூடியதாக இருந்தது. வேட்டித்துண்டு வைத்துப் பார்த்தேன், ஈரத்தைப் பிடித்துவைத்துப் பூஞ்சணம் பூத்தது. கடைசியில் மண்ணிறக் கடதாசிதான். விளிம்பு மடிப்பதைக் காய்ந்த பிறகு செய்தால் ஓலை வெடிக்கிறது. அரை ஈரத்தில், சத்தகத்தின் (ஓலை வாருகிற சின்னக் கத்தி) கூர்வாலால் பின்னலைக் கிளப்பி நுனியைச் செருக வேண்டும். அம்மம்மாவின் சத்தகம் தேய்ந்து பாதியாகிவிட்டது, ஆனாலும் நான் புதிதாக வாங்கியதைவிட அதுதான் ஓலைக்குள் வழுக்கிக்கொண்டு போகிறது.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். கொண்டுபோனது 40. கொட்டைப்பெட்டி (காசு வைக்கிற சின்ன ஓலைப்பெட்டி) 11 போனது, ஒன்று 350 ரூபாய். சாயம் போடாத சின்ன மூடுபெட்டி 7, ஒன்று 600. பெரியது ஒன்றே ஒன்று, 1800. மொத்தம் 9850, மேசைக்காசு 1500 போக 8350. ஓலைக்காசையும் என் இரவுகளையும் இதில் கழிக்கவில்லை, கழித்தால் அழுகை வரும். விலை வைப்பதற்கு முன்னம் பனை அபிவிருத்திச் சபையின் கற்பகம் கடைக்குள் போய், வாங்க வந்த ஆள் மாதிரி ஒரு சுற்றுச் சுற்றினேன். கொட்டைப்பெட்டியில் பாதிக்கு மேல் வாங்கியது கனடாவில் இருந்து லீவுக்கு வந்த சனம். "எங்கட அப்பாச்சி இதுக்குள்ளதான் காசு முடிஞ்சு வைப்பா" என்று ஒரு அண்ணை ஐந்தை ஒன்றாக எடுத்தார். நீட்டியது ஐயாயிரம் ரூபாய்த்தாள். சில்லறைக்குப் பக்கத்து மேசை ஊறுகாய் அன்ரியிடம் ஓடினேன்.

காற்றைப் பற்றியும் யோசிக்காமல் போயிருந்தேன். ஓலைப்பெட்டிக்கு என்ன பாரம் இருக்கிறது? பதினொரு மணிக்குச் சோளகம் கிளம்ப, நாலு பெட்டி ஒழுங்கையில் உருண்டது. திறபடுகிற பெட்டிகளுக்குள் கல் போட்டேன். அதன்பிறகு வந்த பிள்ளைகள் எல்லாம் ஆட்டிப் பார்த்து, "உள்ளுக்கு என்ன?" என்று கேட்டார்கள்.

மஜந்தா சாயத்தைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நகரத்தில் ஒரு கடையில் வாங்கியது, கொதிநீரில் போட்டு உப்பும் சேர்த்து எடுத்தும் வியர்த்த கையில் ஒட்டுகிறது. அந்தப் பக்கம் இனிப் போவதில்லை. குருத்தோலை மட்டும் தென்மராட்சியில் வடலி (இளம் பனை) நிற்கிற ஒரு மாமாவிடம்தான். வெட்டின அன்றே விரித்துக் காயவைத்துத் தருவார், வெள்ளை வெளேரென்று இருக்கும். அடுத்த கட்டுக்குச் சொல்லிவிட்டேன், இடியப்பத் தட்டு இழைக்க ஆசை. மிச்சப் பெரிய பெட்டி ஏழும் மூடி திருத்தாமல் கட்டிலுக்குக் கீழே கிடக்கிறது என்பது வேறு விசயம்.

நீலக்கோட்டுப் பெட்டியை நேற்றுச் சத்தகத்தால் நெம்பித் திறந்தேன். ஓரத்தில் ஒரு ஓலை பிய்ந்தது. என் அம்மா அதற்குள் ஊசியும் நூலும் போட்டுத் தையல் மெசினுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார், மூடியில்லாமல்.