அனுமார் கொண்டுவந்த தண்ணீர்

தீர்த்தமலைக்குப் போவதென்றால் எங்கள் வீட்டில் யாரும் நேராக மலைக்குப் போவதில்லை. முதலில் அனுமந்தீர்த்தம். தென்பெண்ணையில் தலைமுழுகிவிட்டுத்தான் மலையேற வேண்டும். 2004-இல் மாவட்டம் பிரிந்தபிறகு ஆற்றங்கரை கிருஷ்ணகிரிக்கும் மலை தர்மபுரிக்கும் போய்விட்டது. ஆனால் ஊத்தங்கரைக்காரர்களும் அரூர்க்காரர்களும் இந்த முறையை இன்னும் மாற்றவில்லை.

இந்த ஐப்பசியில் பெரியம்மாவை அழைத்துக்கொண்டு போனேன். ஆடிப்பதினெட்டில் இங்கே கால் வைக்க இடமிருக்காது. அன்றைக்கு எங்களோடு நாலைந்து குடும்பங்கள்தான். மழை பெய்திருந்ததால் ஆறு செம்மண் நிறத்தில் ஓடியது. குளித்தவர்கள் விட்டுப்போன பழைய துணிகள் கரைக்கல்லில் சிக்கிக் கிடந்தன. பார்க்கவே மனசு கஷ்டமாக இருந்தது. இந்த ஆறு ஏற்கனவே கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கிக்கொண்டு வருகிறது. நாமும் அதன் தலையில் ஏற்ற வேண்டுமா? துணியை வீட்டுக்கே கொண்டுபோகலாம், சாமி கோபித்துக்கொள்ளாது.

குளித்து முடித்ததும் பெரியம்மா ஒரு பித்தளைச் சொம்பில் ஆற்றுத் தண்ணீரை மொண்டு, வாயை வெள்ளைத் துணியால் கட்டினார்.

"எதுக்குப் பெரிம்மா?"

"இருக்கட்டும் கண்ணு, மேல சொல்றேன்."

இந்தத் தலத்தின் கதை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இராவண வதம் முடிந்து திரும்பும் வழியில் இராமர் இந்த மலையில் சிவபூஜை செய்ய நினைத்தார். காசியிலிருந்து கங்கையும் பூவும் கொண்டுவர அனுமாரை அனுப்பினார். பூஜை நேரம் நெருங்கியும் அனுமார் வரவில்லை. இராமர் பாறையில் அம்பை எய்தார், தண்ணீர் கொட்டியது. அதுதான் ராமர் தீர்த்தம். அதை வைத்துப் பூஜையும் முடிந்தது. அப்புறம்தான் அனுமார் வந்து சேர்ந்தார். அவ்வளவு தூரம் சுமந்துவந்த கங்கை வேண்டாததாகிவிட்டதே என்ற வருத்தத்தில் தூக்கி எறிந்தார். அது விழுந்த இடம் பெண்ணையாற்றங்கரை. இராமர் அவரைத் தேற்றி, "இங்கே வருகிறவர்கள் முதலில் உன் தீர்த்தத்தில் நீராடிவிட்டுத்தான் என் தீர்த்தத்துக்கு வருவார்கள்" என்று வரம் கொடுத்தாராம்.

அடிவாரத்திலும் ஈசனுக்குக் கோயில் உண்டு. மாசித் தேர் கீழேதான் ஓடும். அங்கே கும்பிட்டுவிட்டுப் படியேறினோம். சில இடங்களில் நல்ல செங்குத்து. குரங்குகள் பையையே பார்த்துக்கொண்டு கூடவே வந்தன. பெரியம்மா நாலு இடத்தில் உட்கார்ந்தார். சொம்பை மட்டும் என்னிடம் கொடுக்கவே இல்லை.

மலைமேல் இராமர், குமாரர், கௌரி, அகத்தியர், அக்கினி என்று ஐந்து தீர்த்தங்கள். அகத்தியர் தீர்த்தம் வயிற்று நோய்க்கு நல்லது என்று ஊரில் சொல்வார்கள். எனக்கு மனசு நிற்பது ராமர் தீர்த்தத்தில்தான். தலைக்குமேல் உயரத்தில் பாறையிலிருந்து விழுகிறது. அருவி மாதிரி இரைச்சல் கிடையாது. நூல் நூலாக இறங்கும். காற்றடித்தால் அப்படியே விலகிப் பக்கத்துப் பாறையை நனைக்கும். திரும்பி வரும்வரை கைகூப்பி நிற்க வேண்டும். நின்றேன். உச்சந்தலையில் முதல் சொட்டு விழுந்தபோது உடம்பு சிலிர்த்தது, கண் தானாக மூடிக்கொண்டது. வாயில் சிவ சிவா என்பதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை.

ஈரத்தோடு உள்ளே போனோம். தீர்த்தகிரீசுவரர், வடிவாம்பிகை. அருணகிரிநாதர் திருப்புகழ் பாடிய தலம் இது என்பதால் முருகன் சந்நிதியில் கொஞ்ச நேரம் கூடுதலாக நின்றேன். அபிஷேக நேரம். பெரியம்மா சொம்பின் துணியை அவிழ்த்துக் குருக்களிடம் நீட்டினார்.

"அனுமந்தீர்த்தத் தண்ணி சாமி. அன்னைக்கு நேரத்துக்கு வந்து சேரல. இன்னைக்காவது சேரட்டும்."

குருக்கள் ஒரு நிமிஷம் அவரைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டு போனார். செம்மண் தெளிந்து அடியில் தங்கியிருக்க வேண்டும், லிங்கத்தின்மேல் விழுந்தபோது தண்ணீர் பளிச்சென்று இருந்தது. பெரியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். காலிச் சொம்பு திரும்பி வந்ததும் ராமர் தீர்த்தத்துக்கே போய் நிரப்பிக்கொண்டு, "பிடி கண்ணு, இறங்கறப்ப நீ தூக்கிக்க" என்று என் கையில் கொடுத்தார்.