மாமனார் முன்னாடி ஹார்ட் டிஸ்க்குக்கு பாகப்பிரிவினை பண்ணின கதை

போன விஜயதசமி அன்னைக்கு நடந்தது இது. இப்போதான் சிரிச்சுகிட்டே எழுத முடியுது, அன்னைக்கு எனக்கு சோறு இறங்கல.

எங்க வீட்ல ஒரு பழைய அசெம்பிள்டு கம்ப்யூட்டர் இருக்கு. 2 ஜிபி ராம், விண்டோஸ் 7, ஆன் பண்ணிட்டு கீழ போய் பால் பாக்கெட் வாங்கிட்டு வந்தா அப்போதான் வால்பேப்பர் தெரிய ஆரம்பிச்சிருக்கும். உள்ள ரெண்டு ஹார்ட் டிஸ்க். ரெண்டுமே 1 டிபி, ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஆஃபர்ல ஜோடியா வாங்கினது. ஒண்ணுல விண்டோஸ், இன்னொண்ணுல எங்க கல்யாண வீடியோ, பையனோட காதுகுத்து, மாமனார் மாமியாரோட அறுபதாம் கல்யாணம்னு மொத்த குடும்பமும் குடியிருக்கு. பேக்கப் எடுக்கணும்னு நாலு வருஷமா நினைச்சுகிட்டே இருக்கேன். நினைச்சதோட சரி.

இந்த விண்டோஸை தூக்கிட்டு லினக்ஸ் போடலாம்னு முடிவு பண்ணி, பூஜைக்கு ரெண்டு வாரம் முன்னாடியே பென் டிரைவ்ல பூட் பண்ணி பாத்தேன். இன்ஸ்டாலர் நல்லாத்தான் வந்துச்சு, ஆனா என் மானிட்டர் ரொம்ப சின்னதா, 'அடுத்து' பட்டன் ஸ்க்ரீனுக்கு கீழ எங்கேயோ பாதாளத்துல இருக்கு, மவுஸ் போக மாட்டேங்குது. சரி, டிஸ்க்கை முதல்ல டெர்மினல்லயே, அதான் கமாண்ட் அடிக்கிற கறுப்பு ஸ்க்ரீன்ல, எஃப்டிஸ்க்குங்கிற டிஸ்க் பிரிக்கிற புரோகிராமை வெச்சு காலி பண்ணிட்டு வந்துடலாம், அதுக்கப்புறம் இன்ஸ்டாலரை எப்படியாவது டேப் கீயை தட்டியே ஓட்டிடலாம்னு பிளான். லினக்ஸ் டிஸ்க்குக்கு வைக்கிற பேர்ல எஸ்டிஏ விண்டோஸ், எஸ்டிபி போட்டோ. இதை பேப்பர்ல எழுதி மானிட்டர்ல ஒட்டியும் வெச்சேன், அவ்ளோ ஜாக்கிரதை ஆளு நானு.

நடுவுல ஆயுத பூஜை வந்துச்சு. கேபினெட்டை கழட்டி, தூசி தட்டி, கேபிளெல்லாம் பிடுங்கி துடைச்சு, மறுபடி மாட்டி, மேல சந்தனம் குங்குமம் வெச்சு, பொரி கடலை படைச்சு எல்லாம் முறையா பண்ணேன். டிஸ்க்கை மதர்போர்டோட இணைக்கிற ரெண்டு சாட்டா கேபிளையும் இடம் மாத்தி மாட்டினது மட்டும்தான் முறையில்லாம போச்சு. அது எனக்கு அப்போ தெரியாது. எஸ்டிஏ, எஸ்டிபிங்கிற பேரெல்லாம் டிஸ்க்குக்கு சொந்தம் இல்ல, எது முதல்ல கண்ணுல படுதோ அதுக்கு ஏ, அடுத்ததுக்கு பி, அவ்ளோதான். கேபிளை மாத்தினா பேரும் மாறிடும்.

விஜயதசமி அன்னைக்கு ஆரம்பிச்சா எதுவும் நல்லா வரும்னு காலையிலேயே உக்காந்துட்டேன். பூஜைக்கு வந்திருந்த மாமனார் பக்கத்துல நாற்காலி போட்டு உக்காந்தாரு. அவர் நில அளவைத் துறையில சர்வேயரா இருந்து ரிட்டயர் ஆனவரு. அந்த காலத்துல 66 அடி சங்கிலி, 100 லிங்க்னு வயக்காட்டுல வெயில்ல நடந்து அளந்த ஆளு. எங்க உக்காந்தாலும் சட்டை பாக்கெட்ல பேனா, கையில எதாவது துண்டுத் தாள் இருக்கும். அன்னைக்கு காலண்டர்ல கிழிச்ச தாள்.

"என்ன மாப்ள பண்றீங்க?"

"டிஸ்க்கை பார்டிஷன் பண்றேன் மாமா."

"பாகப்பிரிவினையா?" மனுஷன் நிமிர்ந்து உக்காந்துட்டாரு. முப்பது வருஷ சர்வீஸ் முகத்துல வந்து நிக்குது.

எஃப்டிஸ்க் எஸ்டிஏ-ன்னு அடிச்சதும், நீ எழுதச் சொல்ற வரைக்கும் எல்லா மாத்தமும் மெமரிலதான் இருக்கும், எழுதறதுக்கு முன்னாடி கவனமா இருன்னு அதுவே ஒரு வரி சொல்லுச்சு. அதை நான் படிக்கல, மாமனார் படிச்சாரு. "நல்ல பத்திர எழுத்தர்கூட இப்படி சொல்ல மாட்டான் மாப்ள"ன்னாரு.

பி அடிச்சேன். அட்டவணை வந்துச்சு. ஆரம்ப செக்டார் (டிஸ்க்கோட சின்னத் துண்டு ஒண்ணு), முடிவு செக்டார், அளவு, வகை. மாமனாருக்கு கண்ணெல்லாம் ஒளி. "எஃப்எம்பி, நம்ம நில அளவைப் படம் மாதிரியே இருக்கே!"ன்னு தாளைத் திருப்பி கடகடன்னு எழுத ஆரம்பிச்சுட்டாரு. எழுதிகிட்டே கேள்வி வேற.

"1 டிபின்னீங்க, இங்க 931-தான் இருக்கு, மீதி 69 எங்க மாப்ள? ஆக்கிரமிப்பா?"

விக்கிறவன் ஆயிரம் ஆயிரமா எண்றான், கம்ப்யூட்டர் 1024 1024-ஆ எண்ணுது மாமா, அதான் குறையுதுன்னேன். "எங்க ஊர்லயும் பத்திரத்துல ஒண்ணு இருக்கும், சங்கிலியில ஒண்ணு வரும்"னு தலையாட்டினாரு.

"ஏன் 2048-ல இருந்து ஆரம்பிக்குது? முன்னாடி இருக்கிறது யாருது?"

அது அலைன்மென்ட்டுக்காக, அதாவது பாகம் சரியான இடத்துல ஆரம்பிக்கறதுக்காக, விட்டிருக்கிற ஒரு எம்பி இடம். அந்த இடத்தோட முதல் செக்டார்லதான், 512 பைட்டுக்குள்ள, இந்த மொத்த டிஸ்க்கோட பாகப்பிரிவினை பத்திரமும் இருக்கு, அதுவும் வெறும் 64 பைட்டுல, ஒரு பாகத்துக்கு 16 பைட்டு, அதனாலதான் நாலு பாகத்துக்கு மேல நேரடியா போட முடியாதுன்னு விளக்கினேன். "சரி, புறம்போக்கு"ன்னு எழுதிகிட்டாரு.

அப்புறம் கேட்டாரு பாருங்க. "மூணு பாகம் இருக்கும்னு சொன்னீங்களே, ரெண்டுதானே இருக்கு?"

விண்டோஸ் 7 தனக்குன்னு 100 எம்பியில சிஸ்டம் ரிசர்வ்டுன்னு ஒண்ணு போட்டுக்கும், அதோட சி, டி சேத்து மூணு. அப்படித்தான் நான் சொல்லியிருந்தேன். ஸ்க்ரீன்ல ரெண்டே ரெண்டு. நான் என்ன சொன்னேன்? "அது உள்ள மறைஞ்சிருக்கும் மாமா."

அங்கதான் என் புத்தி முடிஞ்சது.

"அழிக்கிறதுக்கு எந்த எழுத்து?"ன்னாரு. டீ-ன்னேன். எழுதிகிட்டாரு. "பாகத்தோட வகையை மாத்த?" அதுக்கும் டீ மாமா. பேனாவை நிறுத்திட்டு பாத்தாரு. "ரெண்டும் டீயா?" இங்கிலீஷ்ல வேற வேற மாமா, தமிழ்லதான் ஒண்ணுன்னேன். அந்த நேரம் பாத்து கிச்சன்ல இருந்து என் மனைவி, "அப்பா, டீ போடவா?"ன்னு கேட்டா. மனுஷன் ஒரு செகண்டு குழம்பிட்டாரு.

டி, டி, ரெண்டு பாகமும் காலி. எழுதச் சொல்ற டபிள்யூ. என்டர். 'நிச்சயமாவா?'ன்னு ஒரு கேள்வி இல்ல. நான் காலேஜ் படிச்ச காலத்துல டாஸ் எஃப்டிஸ்க்ல பிரைமரி பார்டிஷனை அழிக்கணும்னா அந்த டிரைவோட பேரை நாமளே டைப் பண்ணனும், அப்புறம் ஒய் அடிக்கணும், அவ்ளோ சம்பிரதாயம். இது டேபிள் மாறிடுச்சுன்னு ரெண்டு வரி காட்டிட்டு அது பாட்டுக்கு வெளிய வந்துடுச்சு. சரின்னு ஃபைல் மேனேஜரைத் திறந்து போட்டோ டிஸ்க்கை கிளிக் பண்ணேன். உள்ள 'புரோகிராம் ஃபைல்ஸ்'னு ஃபோல்டர். பக்கத்துல 'விண்டோஸ்'னு இன்னொரு ஃபோல்டர்.

வயித்துல கல்லைக் கட்டி கிணத்துல இறக்கின மாதிரி ஆயிடுச்சு.

"என்ன மாப்ள?"

"ஒண்ணுமில்ல மாமா." குரல் எனக்கே கேக்கல.

சரி, பி அடிச்சப்போ வந்த நம்பரெல்லாம் இன்னும் ஸ்க்ரீன்ல மேல இருக்கு, அதை வெச்சு எதாவது பண்ணலாம்னு மவுஸை நகத்தறேன், கரெண்டு போச்சு. யுபிஎஸ் கீ கீன்னு நாலு தடவை கத்திட்டு அதுவும் உயிரை விட்டுருச்சு, அந்த பேட்டரி மாத்தணும்னும் ரெண்டு வருஷமா நினைச்சுகிட்டு இருக்கேன். பென் டிரைவ்ல ஓடின லைவ் லினக்ஸ் எதையும் ஞாபகம் வெச்சுக்காது. நம்பர் போச்சு.

இப்போ சொல்லித்தான் ஆகணும். சொன்னேன். கல்யாண வீடியோ இருந்த டிஸ்க்கை அழிச்சுட்டேன் மாமான்னு. அவர் பொண்ணோட கல்யாணம், அவரோட அறுபதாம் கல்யாணம். மாப்பிள்ளைங்கிறதால திட்டவும் முடியாது, அவர் மரியாதையா மூச்சு விட்ட விதமே நாலு திட்டுக்கு சமானம்.

கொஞ்ச நேரம் கழிச்சு, "நிலம் போச்சா, பட்டா போச்சா?"ன்னு கேட்டாரு.

யோசிச்சா, சரியான கேள்வி. டி அடிச்சு எழுதினது அந்த 64 பைட்டு பத்திரத்தை மட்டும்தான். வீடியோ, போட்டோ எல்லாம் இருந்த இடத்துல அப்படியே இருக்கும், அதுமேல எதையும் ஃபார்மேட் பண்ணல, எழுதல. "பட்டா மட்டும்தான் மாமா."

"அப்போ ஏன் மாப்ள முகத்தை இப்படி வெச்சிருக்கீங்க? எல்லை தெரிஞ்சா மறுபடி கல்லு நட்டுட்டுப் போறோம்"னு காலண்டர் தாளை நீட்டினாரு. முன்பக்கம் ராகு காலம், எமகண்டம். பின்பக்கம் ரெண்டு பாகத்துக்கும் ஆரம்பம், முடிவு, வகை, ஒரு நம்பர் விடாம, அடியில கோடு போட்டு கையெழுத்து, தேதி வேற. இருட்டுல அந்த மனுஷன் கால்ல விழலாமான்னு தோணுச்சு, வேட்டி எங்க இருக்குன்னு தெரியல.

தொலைஞ்ச பார்டிஷனைத் தேடிக் கண்டுபிடிக்க டெஸ்ட்டிஸ்க்னு ஒண்ணு இருக்குன்னு போன்ல படிச்சேன், அதுவும் எழுத்து மயமான கறுப்பு ஸ்க்ரீன்தான். மாமனார் ஒத்துக்கல. "அளவு கையில இருக்கும்போது எதுக்கு தேடணும்?"

ரெண்டு மணி நேரம் கழிச்சு கரெண்டு வந்துச்சு. இந்த தடவை அவர் படிக்க, நான் அடிக்க. புது பாகத்துக்கு 'என்', பிரைமரி, ஒண்ணு. ஆரம்பம் 2048. முடிவு, "எட்டு மூணு எட்டு... எட்டு ஆறு ரெண்டு... எட்டு நாலு ஏழு. திருப்பி சொல்லுங்க." திருப்பி சொன்னேன். என்டர் தட்டினதும் எஃப்டிஸ்க் ஒரு கேள்வி கேட்டுச்சு, இந்த இடத்துல என்டிஎஃப்எஸ் (விண்டோஸ் ஃபைல் வைக்கிற முறை) அடையாளம் ஒண்ணு இருக்கு, எடுத்துடவான்னு. கை ஒய் பக்கம் போச்சு. கையைப் பிடிச்சுட்டாரு. "பழைய கல்லைப் பிடுங்கவான்னு கேக்குது மாப்ள. பிடுங்கவே கூடாது." வேணாம்னு 'என்' அடிச்சேன். அந்த ஒரு இடத்துல ஒய் அடிச்சிருந்தா கதை வேற.

ரெண்டாவது பாகம் 838862848-ல ஆரம்பம். "முதல் பாகம் 47-ல முடியுது, இது 48-ல ஆரம்பிக்குது, நடுவுல வரப்பே இல்லியே, அண்ணன் தம்பி சண்டை வராதா?"ன்னு அந்த நிலைமையிலயும் கேட்டாரு. முடிவு 1953521663. இதுக்கும் அதே கல்லு கேள்வி, அதே என். அப்புறம் ரெண்டுக்கும் டீ, அதாவது வகை மாத்துற டீ, என்டிஎஃப்எஸ்ஸுக்கான 7-ன்னு குடுத்தேன். பி அடிச்சு காலண்டர் தாளோட ஒவ்வொரு எழுத்தா ஒத்துப் பாத்து, அவர் 'ம்' சொன்னதுக்கப்புறம்தான் டபிள்யூ.

ஃபைல் மேனேஜர். கிளிக். 'கல்யாணம்'னு ஃபோல்டர். திறந்தா நாதஸ்வரம். ஊஞ்சல்ல என் மனைவி, பக்கத்துல மீசை கருகருன்னு மாமனார். அவர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரு, நான் பாக்காத மாதிரி இருந்தேன்.

அப்புறம் எழுந்து பூஜை ரூமுக்குப் போய் சந்தனக் கிண்ணத்தோட வந்து, கேபினெட்டைத் திறக்கச் சொல்லி, போட்டோ டிஸ்க்குல சந்தனமும் விண்டோஸ் டிஸ்க்குல குங்குமமும் அவர் கையாலயே வெச்சாரு. லேபிள் மேல, சர்க்யூட்டுல படாம, சர்வேயர் கை. லினக்ஸ் இன்னும் போடல. புது எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்கி பேக்கப் எடுக்கற வரைக்கும் நான் அந்த மிஷினைத் தொடக்கூடாதுன்னு உத்தரவு.

நாதஸ்வர சத்தம் கேட்டு மனைவி எட்டிப் பாத்தா. "காலையில இருந்து ரெண்டு பேரும் உக்காந்து கல்யாண வீடியோவா பாக்குறீங்க? சரி, டீ போடவா?"

மாமனார் திரும்பிப் பாத்தாரு. "எந்த டீம்மா?"