அச்சுக்குப் போகும் வரை படம் நம்முடையது அல்ல

நாளிதழின் கருத்துப் பக்கத்துக்குப் படம் கேட்டு வரும் மின்னஞ்சல் பெரும்பாலும் முற்பகலில்தான் வரும். படம் மாலைக்குள் வேண்டும். கட்டுரை இன்னும் எழுதி முடிந்தபாடில்லை, சாரம் மட்டும் தயார்: ‘பொருளாதாரம் பற்றியது. கொஞ்சம் கவலை, கொஞ்சம் நம்பிக்கை.’ அளவு, தோராயமாக நாலு பத்தி அகலம். ஃப்ரீலான்ஸ் ஓவியரின் அன்றைய பிழைப்பு இந்த இரண்டு வரியில் இருக்கிறது.

இப்படிப்பட்ட சாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நேராகப் பென்சிலை எடுத்தால் பல்பு வரும். இல்லாவிட்டால் கயிற்றின் மேல் நடக்கும் கோட்டு சூட்டு மனிதர் வருவார். அவரும் இல்லையென்றால் சதுரங்கக் காய், பொம்மலாட்ட நூல், பாதி மூழ்கிய பனிப்பாறை. இவையெல்லாம் எல்லோர் கைக்கும் முதலில் வருபவை. முதல் பத்து நிமிடம் வரையாமல் எழுதுவது நல்லது. கட்டுரையில் உள்ள பொருள்களை ஒரு பத்தியில், வினைகளை இன்னொரு பத்தியில் எழுதி, சம்பந்தமில்லாத இரண்டைக் கோத்துப் பார்க்க வேண்டும். வட்டி, வாடகை, ஏணி, குடை ஒரு பக்கம். ஏறுவது, கசிவது, மடிவது மறுபக்கம். ‘மடியும் ஏணி’ என்று ஒன்று கிடைத்துவிட்டால் பிழைத்தோம். அதன்பின் தீப்பெட்டி அளவில் பத்துப் பதினைந்து குட்டிக் கிறுக்கல்கள், அவற்றிலிருந்து மூன்று ரஃப், அதாவது ஒப்புதலுக்கு அனுப்பும் முன்வரைவு.

மூன்று ரஃப் அனுப்பும்போது ஒரு விதி உண்டு: வரையப் பிடிக்காத எதையும் அனுப்பாதீர்கள். இரண்டு நல்ல யோசனைகளுக்குத் துணையாக, எண்ணிக்கைக்காக ஒரு பல்பையும் சேர்த்து அனுப்பினால் பல்புதான் தேர்வாகும். இது விதியின் சதி அல்ல. ரஃபைப் பார்ப்பவர் ஆர்ட் டைரக்டர் மட்டும் இல்லை. பக்கத்து நாற்காலி உதவி ஆசிரியர், வழியில் போன செய்தி ஆசிரியர், கட்டுரை எழுதியவர் என்று நாலைந்து பேர் ஆளுக்கு ஐந்து விநாடி பார்ப்பார்கள். ஐந்து விநாடியில் ஐந்து பேருக்கும் புரிவது பல்பு ஒன்றுதான்.

ரஃபை ரொம்ப அழகாகவும் போடக்கூடாது. நிழல், துணி மடிப்பு எல்லாம் வைத்து அனுப்பினால் பேச்சு யோசனையை விட்டுவிட்டுச் சட்டைக் காலருக்குப் போய்விடும். சாம்பலில் மூன்று தொனி, பத்தியின் கட்டம், தலைப்பு வரும் இடத்தில் பொய் எழுத்து, அவ்வளவு போதும்.

கட்டுரையில் உள்ளதையே படம் திருப்பிச் சொல்ல வேண்டியதில்லை என்ற சுதந்திரத்துக்கு வயது கொஞ்சம்தான். நியூயார்க் டைம்ஸ் 1970 செப்டம்பர் 21 அன்று தன் தலையங்கத்துக்கு எதிர்ப்பக்கத்தை வெளியார் கருத்துகளுக்குத் திறந்துவிட்டது. தனக்கென ஒரு கருத்தோடு நிற்கும் கறுப்பு வெள்ளை ஓவியங்களுக்கும் அந்தப் பக்கம் பேர்பெற்றது. இன்று கருத்துப் பக்க ஓவியர்கள் பலர் செய்வது அதன் தொடர்ச்சியே. ‘ஆனா இதுல கட்டுரைல வர்ற அந்த மூணு பேரும் இல்லையே?’ என்று யாராவது கேட்டால் இந்த வரலாற்றைச் சொல்லிப் பார்க்கலாம். சொல்லி முடித்த பிறகு மூன்று பேரையும் வரைய வேண்டியிருக்கும்.

ரஃபுக்கு ஒப்புதல் மூன்று மணிக்கு வரும். நாலே காலுக்கு இன்னொரு மின்னஞ்சல்: விளம்பரம் ஒன்று உள்ளே வந்துவிட்டதால் படம் நாலு பத்தி கிடைமட்டத்திலிருந்து இரண்டு பத்தி செங்குத்தாக மாறுகிறது. பழகிய ஓவியர் இதற்குக் கலங்கமாட்டார், ஏனென்றால் மனிதர், ஏணி, பின்னணி, நிழல் எல்லாம் அவரிடம் கோப்பில் தனித்தனி லேயரில், அதாவது ஒன்றன்மேல் ஒன்றான அடுக்குகளில் இருக்கும். பின்னணியை நாலு பக்கமும் கால் பங்கு கூடுதலாகவே வரைந்திருப்பார். எல்லாவற்றையும் ஒரே லேயரில் வரைந்து ‘இதுதான் உண்மையான ஓவியம்’ என்று பெருமைப்படுபவர் நாலே முக்காலுக்கு ஏணியைக் கத்தரித்து ஒட்டிக்கொண்டிருப்பார்.

இதைவிட மோசமானது நமக்கே தெரியாமல் நடக்கும் மாற்றம். படத்தில் உள்ளவர் பக்கத்துக்கு வெளியே பார்க்கிறார், உள்ளே கட்டுரையைப் பார்க்கட்டும் என்று பக்கம் வடிவமைக்கும் லேஅவுட்டில் யாரோ படத்தை இடவலமாகத் திருப்பிவிடுவார். ஒரு சொடுக்குதான். அதில் மூன்று மணி காட்டிய கடிகாரம் ஒன்பது காட்டும், வலக்கைக்காரர் இடக்கைக்காரர் ஆவார், கடைப்பலகை எழுத்து கண்ணாடியில் பார்த்ததுபோல் நிற்கும். அறிவியல் கட்டுரை என்றால் இன்னும் விசேஷம்: வலப்புறமாகச் சுழலும் டிஎன்ஏ ஏணி இடப்புறமாகச் சுழலும். மறுநாள் ஆசிரியருக்குக் கடிதம் வரும், கடிதத்தில் திட்டு ஓவியருக்கு. ‘தயவுசெய்து திருப்ப வேண்டாம்’ என்று கோப்பின் பெயரிலேயே எழுதி வைப்பது நல்லது. மின்னஞ்சலில் எழுதினால் லேஅவுட் மேசைக்குப் போய்ச் சேராது.

வாசகர் கடிதம் என்றதும் ஞாபகம் வருகிறது, பல்சக்கரம். ‘ஒற்றுமை’, ‘கூட்டு முயற்சி’ என்று எந்தக் கட்டுரை வந்தாலும் மூன்று பல்சக்கரங்களை முக்கோணமாகக் கோத்து வரைவது வழக்கம். ஒவ்வொன்றும் மற்ற இரண்டோடும் பல் கோத்திருந்தால் அந்த மூன்றும் ஒரு அங்குலம்கூடச் சுற்றாது. அடுத்தடுத்த சக்கரங்கள் எதிரெதிர்த் திசையில் சுற்ற வேண்டும், ஒற்றைப்படை வளையத்தில் அதற்கு வழியில்லை. ஒற்றுமையின் சின்னமாக, அசையவே முடியாத ஓர் இயந்திரத்தை எத்தனையோ பக்கங்கள் அச்சிட்டிருக்கின்றன. சில வேளை கட்டுரைக்கு அதுவே சரியான படம். இப்படித் தவறும் இடங்கள் இன்னும் உண்டு. சதுரங்கப் பலகையில் ஆட்டக்காரரின் வலக்கை மூலை வெள்ளைக் கட்டம். வானவில்லில் சிவப்பு வெளிப்பக்கம். பிறைநிலாவின் இருண்ட பகுதிக்குள் நட்சத்திரம் தெரியாது, அங்கே நிலா மறைத்துக்கொண்டிருக்கிறது. பூச்சிக்கு ஆறு கால், ஆறும் மார்பிலிருந்துதான், வயிற்றிலிருந்து இல்லை. இதையெல்லாம் சரிபார்க்கப் பத்து நிமிடம் போதும். சரிபார்க்கும் ஆள் செய்தி அறையில் உண்டு என்று நம்புவது தவறு. அவர் எழுத்தைத்தான் பார்ப்பார்.

படம் ஒப்புதலாகி, திரையில் பளபளவென்று நிற்கும்போது காகிதம் தன் பங்குக்கு வேலையைத் தொடங்குகிறது. நாளிதழ்த் தாளான நியூஸ்பிரிண்ட் பிளாட்டிங் பேப்பர் மாதிரி மையைக் குடிக்கும், படத்தை உருவாக்கும் மைப்புள்ளி ஒவ்வொன்றும் பரந்து விரியும். நாளிதழ் அச்சுக்கான பன்னாட்டுத் தரத்தில் நடுத்தொனியின் இந்தப் புள்ளிப் பெருக்கம் 26 சதவீதம். அதாவது 50 சதவீதச் சாம்பல் தாளில் 76 போலத் தெரியும். மெல்லிய மாலை நேர நிழல் என்று வரைந்தது நள்ளிரவாகிவிடும், சோகமான முகம் முகமே இல்லாமல் போகும். அதனால் நடுத்தொனியைக் கோப்பிலேயே வெளுப்பாக வைக்க வேண்டும். அச்சில் வண்ணம் எப்படி விழும் என்று சொல்லும், அச்சகம் தரும் வண்ண ப்ரொஃபைலைப் போட்டுத் திரையில் ப்ரூஃப் பார்த்துவிட்டு, முகத்தில் நிழலுக்கும் ஒளிக்கும் இடையே வழக்கத்தைவிட அதிக இடைவெளி விட வேண்டும். தாளின் வெள்ளையும் வெள்ளை இல்லை, லேசான அழுக்குச் சாம்பல். கண்ணில் வைத்த ஒளிப்பொட்டு அதற்குமேல் ஒளிராது.

கறுப்புதான் பெரிய ஏமாற்று. திரையின் சுத்தக் கறுப்பை அச்சின் நாலு மைகளான சிஎம்ஒய்கேக்கு மாற்றினால், ஃபோட்டோஷாப்பின் பழைய அமெரிக்க வழக்க அமைப்பில் அது சயான் 75, மெஜந்தா 68, மஞ்சள் 67, கறுப்பு 90 என்று பிரியும். எல்லாம் சதவீதம், கூட்டினால் 300. நாளிதழ் தாள் தாங்கும் மொத்த மை ஏறக்குறைய 240. மிச்சம் 60 எங்கே போகும்? எதிர்ப்பக்கத்துக்கும் வாசகரின் கட்டை விரலுக்கும். கூடவே மைக்கு ஒன்றாக உள்ள நாலு அச்சுப் பிளேட்டும் ஒன்றன்மேல் ஒன்று துல்லியமாக விழாது, முடியளவு தள்ளி விழும். நாலு வண்ணத்தில் பிரிந்த மெல்லிய கோடு அப்போது நாலு கோடாகும், மூக்குக்கு ஓரத்தில் ஒரு ரோஸ் மூக்கு முளைக்கும். கோட்டோவியமாக இருந்தால் கோடுகள் கறுப்புப் பிளேட்டில் மட்டும் இருக்கட்டும், 100 கறுப்பு, மற்றவை பூஜ்யம், வண்ணத்தை வெட்டாமல் அதன் மேலேயே அச்சாகும் ஓவர்பிரிண்ட். அரைப் பாயின்டுக்குக் குறைவான கோடு வேண்டாம். இதைச் செய்துவிட்டால், நாளிதழைப் பொறுத்தவரை பாதிச் சண்டை முடிந்தது.

மாத இதழின் வழவழப்பான ஆர்ட் பேப்பர் மரியாதை தெரிந்தது, 300 சதவீதம் வரை மையைப் பொதுவாகத் தாங்கும். அங்கே எதிரி மடிப்பு. ஏ4 இதழில் இரட்டைப் பக்கப் படம் என்றால் 420க்கு 297 மி.மீ., சுற்றிலும் வெட்டுக்காக விடும் 3 மி.மீ. ப்ளீட் சேர்த்து 426க்கு 303, அதாவது 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) 5031க்கு 3579 பிக்சல். இத்தனை பெரிய இடத்தில் நாயகனை எங்கே நிறுத்துவோம்? நட்டநடுவில். பசை போட்டுக் கட்டும் இதழ் நடுவில் பக்கத்துக்குச் சில மில்லிமீட்டராவது விழுங்கிவிடும். நாயகனுக்கு ஒரு கண்தான் மிஞ்சும். முகம், கை, எழுத்து எதுவும் நடுக்கோட்டுக்கு இருபுறமும் ஒரு சென்டிமீட்டருக்குள் வரக்கூடாது. வெளி ஓரத்திலும் அதே அளவு விட்டுவிடுங்கள்.

அட்டைப்படம் வேறு கதை. மேலே இதழின் பெயர், கீழ் மூலையில் பார்கோடு, பக்கவாட்டில் கட்டுரைத் தலைப்புகள் என்று பார்த்துப் பார்த்து இடம் விட்டு வரைந்தால், ‘இங்கெல்லாம் காலியா இருக்கே, ஏதாவது போடலாமா?’ என்று கேட்பார்கள். பறவைக் கூட்டம் ஒன்றைப் போட்டுக் கொடுப்போம். அச்சில் அந்தப் பறவைகளின் மேல் தலைப்புகள் உட்கார்ந்திருக்கும், இரண்டும் தெரியாது. ரஃபிலேயே இதழின் பெயரையும் பார்கோடுப் பெட்டியையும் வைத்து அனுப்பினால் இந்தக் கேள்வி வருவதில்லை.

குட்டிப் படங்களைப் பற்றி ஒன்று மட்டும்: நாலு சென்டிமீட்டர் அகலத்தில் அச்சாவதைத் திரையில் பத்து மடங்கு பெரிதாக்கி இமை மயிர் வரைவது வீண். ஆறு கேட்டால் ஐந்து போடுவார்கள், விடுபடுவது நமக்குப் பிடித்ததுதான்.

கடைசியாகப் பணம். எத்தனை திருத்தம், எங்கெங்கே பயன்பாடு, வேலை பாதியில் நின்றால் எவ்வளவு என்ற மூன்றையும் ரஃபுக்கு முன்பே எழுத்தில் வாங்க வேண்டும். படம் வெளியான பிறகு பணம் என்ற வரி இருந்தால், ஒப்படைத்த பிறகு என்று மாற்றக் கேளுங்கள். கட்டுரை மாதக்கணக்கில் கிடப்பில் கிடக்கும், படமும் அதனோடு படுத்துக்கொள்ளும். பர்ச்சேஸ் ஆர்டர் எண்ணை முதல் மின்னஞ்சலிலேயே கேட்டு வாங்குங்கள். அது இல்லாத இன்வாய்ஸைக் கணக்குப் பிரிவு திருப்பி அனுப்பும். எண் யாரிடம் இருக்கிறது என்று விசாரித்தால், அன்று முற்பகலில் அவசரமாக மின்னஞ்சல் போட்ட அந்த ஆசிரியரிடம். அவர் இரண்டு வாரம் விடுப்பில் இருப்பார்.