விலை குறைந்த இறக்குமதி ஏர் பிஸ்டல்: ரேஞ்சில் எதைச் சோதித்து வாங்குவது

ஷூட்டிங் கிளப் துப்பாக்கியை விட்டுச் சொந்தமாக ஒன்று வாங்கலாம் என்று நினைக்கும்போது மோரினி, ஸ்டெயர், ஃபைன்வெர்க்பாவ் இவற்றின் புது விலையைக் கேட்டாலே பெரும்பாலோர் பின்வாங்கிவிடுவார்கள். பிறகு கண் போவது இரண்டு பக்கம்: அதே கம்பெனிகளின் செகண்ட் ஹேண்ட், இல்லாவிட்டால் வெளிநாட்டு ஆரம்பநிலை மாடல். இரண்டுமே தப்பில்லை. பத்து மீட்டர் போட்டிக்கு என்றே செய்த பிஸ்டலில் குழல் ஏமாற்றுவது அரிது. விலையைக் குறைக்கக் கை வைக்கும் இடங்கள் ட்ரிகர், குறி பார்க்கும் பின் சைட், கைப்பிடியான கிரிப், ஒவ்வொரு குண்டுக்கும் காற்றழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டர். ஆனால் விற்பவர் நம்மிடம் நீட்டுவது ஐந்து பெல்லட் (ஈயக் குண்டு) ஒரே ஓட்டையில் போன ஃபேக்டரி அட்டையைத்தான். அதை வாங்கிப் பையில் வைத்துவிட்டு மற்றதைப் பாருங்கள்.

முதலில் காற்று எப்படி வருகிறது என்று கேளுங்கள். பழைய கார்பன் டை ஆக்சைடு மாடல்கள் மலிவாகக் கிடைக்கும். கடலூர், புதுச்சேரி வெயிலுக்கு அவை ஆகாது. அந்த வாயு 20 டிகிரியில் சுமார் 57 பார் அழுத்தம் தரும். 31 டிகிரியைத் தாண்டினால் சிலிண்டருக்குள் திரவமாகவே நிற்காது, அழுத்தம் எகிறும். ஏ.சி. இல்லாத ஹாலில் மே மாதம் காலையில் பிடித்த குறி மதியம் மேலே போய் நிற்கும். ஒரே இழுப்பில் காற்றை அடைக்கும் ரஷ்ய இஷ்-46எம் வகைக்குச் சிலிண்டரும் வேண்டாம், ரெகுலேட்டரும் வேண்டாம். பெல்லட்டின் வேகம் ஒரே சீராக இருக்கும். ஆனால் எடை ஒரு கிலோவைத் தாண்டும், ஒவ்வொரு குண்டுக்கும் நெம்புகோலை இழுக்க வேண்டும். 60 குண்டு போட்டியில் கடைசி இருபதுக்குத் தோள் களைத்துப்போகும். பதினான்கு வயதுப் பிள்ளைக்கு இதை வாங்கிக் கொடுக்காதீர்கள்.

மிச்சம் இருப்பது 200 பார் அழுத்தக் காற்றுச் சிலிண்டர் வகை. கையில் வாங்கியதும் பெல்லட் போடும் வாயான பிரீச்சைத் திறந்து, பெல்லட் இல்லை என்று கண்ணால் பார்த்துவிட்டுச் சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதியைப் படியுங்கள். தயாரித்து 10 ஆண்டுக்கு மேல் ஆன சிலிண்டரைப் போட்டியில் அனுமதிப்பதில்லை. பழைய பிஸ்டலில் இந்தத் தேதிதான் விலையைத் தீர்மானிக்கும், ஏனென்றால் புதுச் சிலிண்டரின் செலவு உங்கள் தலையில் விழும். கசிவு பார்க்க 200 பாருக்கு மெதுவாக நிரப்பி, ஓர் இரவு வைத்துவிட்டு மானியைப் பாருங்கள். இதில் ஒரு கணக்கு இருக்கிறது. நிரப்பும்போது சிலிண்டர் சூடாகும். 40 டிகிரியில் 200 காட்டினது 24 டிகிரி அறையில் 190தான் காட்டும். அது கசிவு இல்லை. ஆறியபின் குறித்த எண் மறுநாளும் இறங்கினால்தான் கசிவு. சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழ் எந்த ஓ-ரிங்கில் (காற்றை அடைக்கும் ரப்பர் வளையம்) என்று தெரிந்துவிடும். கைப்பம்பில் நிரப்புகிறவர்கள் ஈரம் பிடிக்கும் ஃபில்டர் இல்லாமல் நிரப்பக் கூடாது. நம் ஊர்க் கடல்காற்றின் ஈரம் அப்படியே ரெகுலேட்டருக்குள் போய் உட்காரும். ஓ-ரிங்குக்கு சிலிகான் கிரீஸ் மட்டும். சாதாரண எண்ணெய் உயர் அழுத்தக் காற்றோடு சேர்ந்தால் தீப்பற்றும். ஆக்சிஜனை நிரப்புவது பற்றி யோசிக்கவே வேண்டாம்.

ட்ரிகரில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். போட்டி விதிப்படி அது விடுவதற்குக் குறைந்தது 500 கிராம் இழுவிசை வேண்டும். குழலைச் செங்குத்தாகப் பிடித்து, காக் செய்து (சுடத் தயாராக்கி), தரையில் வைத்த 500 கிராம் எடையை ட்ரிகரில் மாட்டி மெதுவாகத் தூக்குங்கள். எடை தரையை விட்டு எழ வேண்டும், ட்ரிகர் விடக் கூடாது. மலிவு மாடல்களில் வரும் கோளாறு வேறு மாதிரி: முதல் நாள் 500ஐத் தாங்கும், நூறு குண்டுக்குப் பிறகு 480இல் விட்டுவிடும். சரிசெய்யும் திருகு தானாகத் தளர்வதுதான் காரணம். அதனால் 520க்கு வைத்து, ஒரு டப்பா பெல்லட் சுட்டபின் மறுபடி தூக்கிப் பாருங்கள். பெல்லட் இல்லாமல் ட்ரிகரை மட்டும் இழுத்துப் பழகும் டிரை ஃபயர் வசதியில் முப்பது நாற்பது முறை இழுத்துப் பாருங்கள். முதல் நிலை முடிந்து விரல் சுவரில் முட்டியதுபோல் நிற்க வேண்டும், அதன் பிறகு நகர்வே தெரியாமல் உடைய வேண்டும். சுவருக்குப் பிறகும் மணலில் இழுப்பதுபோல் கரகரப்பு இருந்தால், அது திருகில் தீராது.

பின் சைட்டை விரலால் இடவலம் ஆட்டிப் பாருங்கள். முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் நடுவே தூரம் 320 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், கால் மில்லிமீட்டர் ஆட்டம் பத்து மீட்டரில் ஏறக்குறைய 8 மில்லிமீட்டராகும். டார்கெட்டில் பத்துப் புள்ளி தரும் வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர், பெல்லட் 4.5. கோட்டைத் தொட்டாலே பத்து என்பதால் பெல்லட்டின் நடு 8 மில்லிமீட்டர் வரை விலகலாம். அந்த முழு இடத்தையும் சைட் ஆட்டமே தின்றுவிட்டால் கைக்கு என்ன மிஞ்சும்? பிறகு பத்து கிளிக் வலப்பக்கம், பத்து கிளிக் இடப்பக்கம் திருப்பிச் சுட்டு, குறி பழைய இடத்துக்கே வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் சைட்டின் உள்ளே ஸ்பிரிங் சோர்ந்திருக்கிறது.

குழலைச் சோதிக்கும்போது கையை விலக்கிவிட வேண்டும். ரேஞ்ச் அதிகாரியிடம் சொல்லி, தோல் வைத்த வைஸில் (இறுக்கிப் பிடிக்கும் கருவி) பிஸ்டலின் உடற்சட்டத்தைப் பிடியுங்கள். குழலையோ சிலிண்டரையோ நெரிக்கக் கூடாது. 4.49, 4.50 என்று தலை அளவு மாறும் மேட்ச் பெல்லட்டுகளை வகைக்கு ஐந்தைந்தாக இரண்டு முறை சுடுங்கள். வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்புக்கு 7 மில்லிமீட்டர் வந்தால் நல்ல குழல். 10 வந்தாலும் பயமில்லை: நடுவைப் பிடித்தால் எல்லாம் பத்துக்குள்தான். ஒரு வகைக்கு 7, இன்னொன்றுக்கு 12 வந்தால் குறை பெல்லட்டில். எல்லாவற்றுக்கும் 12 தாண்டினால்தான் குழல் முனையையும் பிரீச் ஓ-ரிங்கையும் சந்தேகிக்க வேண்டும். பிரீச்சின் மேல் மெல்லிய டிஷ்யூ துண்டை வைத்து, குழல் டார்கெட் பக்கம் இருக்கும்படி சுட்டுப் பாருங்கள். தாள் துள்ளினால் ஓ-ரிங் போய்விட்டது. மலிவான பழுது.

வேகம் அளக்கும் கருவியை வைத்துக்கொண்டு அலட்டுகிறவர்கள் உண்டு. வேகம் நொடிக்கு 150இலிருந்து 145 மீட்டராக இறங்கினால் பத்து மீட்டரில் குறி சுமார் ஒன்றரை மில்லிமீட்டர்தான் தாழும். அது உங்கள் பத்தைப் பறிக்காது. கருவி வேறொன்றுக்குப் பயன்படும். இருபது குண்டு தொடர்ந்து சுட்டுவிட்டு, ஐந்து நிமிடம் சும்மா வைத்திருந்து அடுத்த குண்டை அளந்து பாருங்கள். அது மட்டும் 8, 10 மீட்டர் கூடுதலாக வந்தால் ரெகுலேட்டர் வால்வு சரியாக மூடவில்லை, அழுத்தம் ஊர்ந்து ஏறுகிறது. சர்வீஸுக்கு அனுப்பும் செலவை விலையில் கழித்துப் பேசலாம்.

கிரிப் அவரவர் கைக்கு. அளவு சரியா என்று பார்க்கக் கண்ணை மூடிக் கையை உயர்த்தி, திறந்ததும் முன் சைட் பின் சைட்டின் இடைவெளிக்குள் நிற்கிறதா பாருங்கள். ஒரே பக்கமாக ஒதுங்கினால் கிரிப்பின் கோணத்தைத் திருத்திப் பார்க்கலாம். திருத்த வசதியே இல்லாத மாடல் என்றால் வேண்டாம். பழைய கிரிப்பில் முந்தையவர் மரப்புட்டி அப்பி வைத்திருப்பார். போட்டி விதிப்படி துப்பாக்கி முழுதும் 420 × 200 × 50 மில்லிமீட்டர் பெட்டிக்குள் அடங்க வேண்டும்; புட்டி 50ஐத் தாண்டுவது அடிக்கடி நடக்கும். சீவிவிடலாம், ஆனால் போட்டியன்று காலையில் அல்ல.

கிரிப்பைக் கழற்றும்போது அடியில் உள்ள திருகுகளைப் பாருங்கள். கடற்கரை ஊரில் இருந்த பிஸ்டலின் வரலாறு அங்கேதான் எழுதியிருக்கும். வெளியே பளபளப்பாக இருக்கும், திருகுத்தலை துருவேறிச் சிவந்திருக்கும். கெட்டியான ஃபோம் பெட்டி ஈரத்தைப் பிடித்துவைக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அதில் மூடி வைத்தால் ஒரே வாரத்தில் புள்ளி விழும். வாங்கியபின் சிலிகான் துணியால் துடைத்து, சிலிக்கா ஜெல் போட்டு, பெட்டியைச் சற்றுத் திறந்தே வையுங்கள். ஈயப் பெல்லட் டப்பாவிலும் ஒரு பொட்டலம் போடலாம். வெள்ளை பூத்த பெல்லட்டைப் பயிற்சிக்குக்கூட எடுக்காதீர்கள்.

இந்த வகை பிஸ்டலின் ஆற்றல் 5, 6 ஜூல்தான். 20 ஜூலுக்குள், 4.5 மில்லிமீட்டர் குழல் என்றால் 2016 ஆயுத விதிகளின்படி லைசென்ஸ் தேவையில்லை. அதற்காகத் தாள் இல்லாமல் வாங்கிவிடாதீர்கள். பிஸ்டலின் உடற்சட்டத்தில் உள்ள சீரியல் எண்ணும் பில், சுங்கத் தாள்களில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். சீல் கிட், பிரீச் ஓ-ரிங், நிரப்பும் அடாப்டர் மூன்றும் இந்தியாவில் கிடைக்கிறதா என்று விலை பேசும் முன்பே கேளுங்கள். அடாப்டர் இல்லாமல் வரும் பிஸ்டலுக்கு முதல் சிலிண்டர் காலியானதும் அது வெறும் இரும்புதான், விற்பவர் அதைக் கடைசியில்தான் சொல்வார்.