படத்தைத் திருப்பிப் பாருங்கள்

பினாங்கில் பழைய படம் சேர்க்க ஆரம்பிப்பவர்கள் பெரும்பாலும் ரிக்‌ஷா, எஸ்பிளனேட் கடற்கரை, கொடிமலை (பினாங்கு ஹில்) ரயில் போட்ட அஞ்சலட்டைகளில்தான் முதலில் கை வைக்கிறார்கள். அவை அழகானவைதான். ஆனால் அவற்றை வாங்க உலகம் முழுக்க ஆள் இருக்கிறது. நாம் விட்டாலும் யாராவது பத்திரப்படுத்துவார்கள். தமிழ்க் கல்யாணப் பத்திரிகை, தோட்டத்துச் சம்பளச் சீட்டு, கப்பல் டிக்கெட், கருமாதி நோட்டீஸ், தியேட்டர் வாசலில் விற்ற பாட்டுப் புத்தகம் ஆகியவற்றுக்கு அப்படி ஆள் இல்லை. வீடு மாறும்போதும் பெரியவர்கள் இறந்தபின் அலமாரியை ஒழிக்கும்போதும் முதலில் குப்பைக்குப் போவது அவைதான். புதிதாகத் தொடங்குபவர்கள் இங்கேயே தொடங்கலாம் என்பது என் கருத்து. செலவும் குறைவு, செய்ய வேண்டிய வேலையும் நிறைய இருக்கிறது.

எதை எடுத்தாலும் முன்பக்கத்துக்கு முன் பின்பக்கத்தைப் பாருங்கள். ஸ்டூடியோ முத்திரை, பென்சில் குறிப்பு, அச்சக முகவரி, ஒட்டிக் கிழித்த தடம் எல்லாம் அங்கேதான் இருக்கும். பெயரும் ஊரும் இல்லாத குடும்பப் படம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் பாதிப் படம்தான். இதே காரணத்துக்காக ஆல்பத்தைப் பிரித்து ஒவ்வொரு படமாக விற்பவரிடம் வாங்கும்போது, மிச்சப் பக்கங்களையும் காலி அட்டையையும் சேர்த்துக் கேளுங்கள். எந்தப் படத்துக்குப் பக்கத்தில் எந்தப் படம் இருந்தது என்பதே பல நேரங்களில் உறவு முறையைச் சொல்லிவிடும்.

தேடும் இடங்கள் பலருக்கும் தெரிந்தவை: பினாங்கில் லோரோங் கூலிட் காலைச் சந்தை, சௌராஸ்தா மார்க்கெட் மாடியில் உள்ள பழைய புத்தகக் கடைகள், கோலாலம்பூர் பக்கம் பெட்டாலிங் ஜெயா அம்கோர்ப் மாலின் வார இறுதிச் சந்தை. காலையில் சீக்கிரம் போங்கள். பையில் 10 மடங்கு லென்ஸ் ஒன்றும் (நகைக்கடையில் கண்ணில் வைத்துப் பார்ப்பார்களே, அதேதான்), 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச் ஒன்றும், இரண்டு கெட்டி அட்டைகளும் இருக்கட்டும். மலிவாகக் கிடைக்கும் 395 நானோமீட்டர் டார்ச் வேண்டாம். அதன் ஊதா வெளிச்சமே எல்லாவற்றின் மேலும் படிந்து, தாள் தானாக ஒளிர்கிறதா என்று பார்க்க விடாது.

லென்ஸில் பார்க்க வேண்டியது இதுதான். அசல் புகைப்படத்தில் புள்ளியே இருக்காது. கறுப்பிலிருந்து வெள்ளைக்கு நிறம் வழுக்கிக்கொண்டு போகும். வரிசையான புள்ளிக் கட்டம் தெரிந்தால் அது அச்சுப் படம். புள்ளி இல்லாமல் புழு ஊர்ந்ததுபோல் நுண்ணிய சுருக்கம் தெரிந்தால் அது கொலோடைப் என்ற பழைய அச்சு முறை. முதல் உலகப் போருக்கு முன் ஜெர்மனியில் அச்சாகி வந்த அஞ்சலட்டைகள் பலவும் இந்த வகைதான், நல்ல பொருள். நீலம், சிவப்பு, மஞ்சள் துளிகள் ஒழுங்கில்லாமல் தெறித்திருந்தால் அது இங்க்ஜெட் பிரிண்டரில் எடுத்த நகல். விற்பவர் என்ன கதை சொன்னாலும் கீழே வைத்துவிடுங்கள்.

அடுத்தது டார்ச். 1950களின் தொடக்கத்திலிருந்துதான் புகைப்படத் தாளில் வெண்மை கூட்டும் ரசாயனம் பரவலாகச் சேர்ந்தது. இருட்டில் டார்ச் அடித்ததும் தாள் நீல வெள்ளையாகப் பளிச்சென்று ஒளிர்ந்தால், 1910 என்று சொல்லி விற்கப்படும் படம் 1910இல் அச்சானதல்ல. இதைத் தலைகீழாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒளிராத தாள் எல்லாம் பழையதாகிவிடாது, ரசாயனம் சேர்க்காத தாள் இன்றும் கிடைக்கிறது. அட்டையில் ஒட்டிய படமாக இருந்தால் அட்டையை விட்டுவிட்டுப் படத்தின் ஓரத்தில் மட்டும் அடித்துப் பாருங்கள். பிற்காலத்தில் மாற்றிய அட்டையும் ஒட்டிய பசையும் தனியாக ஒளிரும்.

ஸ்டூடியோப் படங்களில் இரண்டு வகையைப் பிரித்தறியப் பழகினால் போதும். முட்டையின் வெள்ளைக்கரு பூசிய ஆல்புமென் படம் மெல்லிய தாள்; தனியாக நிற்காது என்பதால் பெரும்பாலும் கெட்டி அட்டையில் ஒட்டியிருக்கும். வெள்ளைப் பகுதி மஞ்சளித்திருக்கும், நிழல் பழுப்பும் ஊதாவுமாக இருக்கும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் சிங்கப்பூரின் ஜி.ஆர். லாம்பர்ட் கம்பெனியும் பினாங்கில் தொழில் நடத்திய ஜெர்மானியர் ஆகஸ்ட் கௌல்ஃபுஸும் தந்த படங்களில் பல இந்த வகைதான். இப்படி ஒட்டிய படங்களில் விசிட் அட்டை எனும் சின்ன அளவு ஏறக்குறைய 6.5க்கு 10 செ.மீ., கேபினெட் அட்டை எனும் பெரிய அளவு 11க்கு 16.5 செ.மீ. பின்னால் வந்த வெள்ளி ஜெலட்டின் படத்தை (ஜெலட்டின் பூச்சில் வெள்ளி பதிந்த கறுப்பு வெள்ளைப் படம்) சாய்த்துப் பிடித்தால் கறுப்புப் பகுதியில் நீலம் கலந்த ஒரு மினுமினுப்பு தெரியும். உள்ளிருக்கும் வெள்ளி காற்றும் ஈரமும் பட்டு மேலே வந்து படிவதால் வருவது அது. பழமைக்கு நல்ல அடையாளம். அழுக்கென்று நினைத்துத் துணியால் துடைத்தால் படமே தேய்ந்துபோகும்.

தாளின் காலத்தை அதில் இருக்கும் எழுத்தே சொல்லும். அஞ்சலட்டையின் பின்புறம் நடுக்கோடு இல்லாமல் முகவரிக்கு மட்டும் இடம் இருந்தால் அது பழைய முறை. பிரிட்டன் 1902இல் நடுக்கோட்டை அனுமதித்தது, மற்ற நாடுகள் அடுத்த சில ஆண்டுகளில் பின்தொடர்ந்தன. தபால் முத்திரை காட்டுவது அட்டை போன நாளை மட்டும்தான். படம் அதற்குப் பத்து வருடம் முன் எடுத்ததாகவும் இருக்கலாம். கொடிமலை ரயில் ஓடத் தொடங்கியது 1923இல், அதனால் ரயில் தெரியும் படம் அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. போர்ட் சுவெட்டன்ஹாம் என்று அச்சிட்டிருந்தால் போர்ட் கிள்ளான் என்று பெயர் மாறிய 1970களின் தொடக்கத்துக்கு முந்தைய தாள் என்று கொள்ளலாம். மலாய் வரிகளில் 'ச' ஒலிக்கு சி, எச் இரண்டு ரோமன் எழுத்தும் சேர்ந்து வந்தால் 1972 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தையது. ஜப்பானியர் காலத் தாளில் அவர்களுடைய ஆண்டுக் கணக்கில் 2602 என்றிருந்தால் 1942, 2605 என்றால் 1945.

தமிழ் எழுத்தும் துப்புக் கொடுக்கும், ஆனால் நிதானம் வேண்டும். ணா, றா, னா, லை, னை ஆகியவை பழைய வளைவு வடிவில் இருந்தால் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சு என்று பலர் உடனே சொல்லிவிடுவார்கள். தமிழ்நாட்டு அரசு சீர்திருத்தத்தை ஏற்றது 1978இல். கையில் இருக்கும் ஈய எழுத்தை யாரும் ஒரே நாளில் தூக்கிப் போடவில்லை. மறுபுறம், பெரியாரின் குடி அரசு 1935இலேயே புதிய வடிவத்துக்கு மாறிவிட்டது. ஆகவே சுயமரியாதை இயக்கத்தார் போட்ட நோட்டீஸில் புதிய 'லை' இருப்பதைப் பார்த்து அதை எண்பதுகளில் வைத்துவிடாதீர்கள்.

கப்பல் தாள்கள் தனி உலகம். நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் இடையே ஓடிய ரஜூலா 1926இல் கட்டியது. 1973 வரை பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் கப்பல். அதன் பெயர் உள்ள டிக்கெட், பெட்டியில் கட்டும் சீட்டு, தடுப்பூசிச் சான்று எல்லாம் இந்த வரம்புக்குள் அடங்கும். எம்.வி. சிதம்பரம் என்றிருந்தால் அதற்குப் பிந்தைய தாள். 1985 தீ விபத்தோடு அந்தக் கப்பலின் பயணிகள் ஓட்டமும் முடிந்தது.

போலி அதிகம் நடமாடுவது ஆசாத் ஹிந்த் தாள்களில்தான். நேதாஜி சிங்கப்பூரில் 1943 அக்டோபர் 21 அன்று ஆசாத் ஹிந்த் (சுதந்திர இந்திய) அரசை அறிவித்த பிறகு வந்த நன்கொடை ரசீது, உறுப்பினர் அட்டை போன்றவற்றுக்கு நல்ல விலை இருப்பதால் தேயிலைத் தண்ணீரில் நனைத்த தாள்களும் சந்தைக்கு வருகின்றன. இயல்பாகப் பழுத்த தாள் ஓரத்திலிருந்து உள்ளே போகப் போக வெளிறும். நனைத்த தாளில் நிறம் நடுவிலும் ஒரே சீராக இருக்கும், மடிப்பில் தேங்கிக் கோடு கட்டும். ஈய எழுத்தில் அச்சிட்டதாக இருந்தால் தாளின் பின்புறத்தை விரல் நுனியால் தடவுங்கள், எழுத்தின் அழுத்தம் தட்டுப்படும். லேசர் அச்சில் எழுத்து தாளின் மேலே பளபளப்பாக உட்கார்ந்திருக்கும். லென்ஸில் அதைச் சுற்றி கறுப்புத் தூள் சிதறியிருப்பதும் தெரியும்.

இப்போது என் மனதுக்கு நெருக்கமான கல்யாணப் பத்திரிகை. ஒரு பழைய பத்திரிகையில் மணமக்கள் பெயர் மட்டுமா இருக்கிறது? இரு வீட்டுப் பெரியவர்கள், அவர்கள் வேலை செய்த தோட்டம், இந்தியாவில் விட்டுவந்த ஊர், மண்டபம் அல்லது கோயில், இசைக் கச்சேரி, கடைசியில் அச்சகத்தின் பெயர் என்று ஒரு குடும்பத்தின் பயணம் முழுவதும் ஒரு தாளில் இருக்கும். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருக்கும். அதைக் கறையென்று நினைத்து அழிக்கப் பார்க்காதீர்கள், அது சடங்கின் சான்று. மஞ்சளின் நிறமி வெளிச்சத்தில் வெளுக்கும் என்பதால் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டாதீர்கள். இன்னொன்று, சேகரிப்பாளர்களுக்காக விற்கும் அமில நீக்கத் தாள்களில் பல, காரம் (ஆல்கலி) சேர்த்தவை. மஞ்சளில் காரம் பட்டால் சிவக்கும் என்பது ஆரத்தி கரைத்த எவருக்கும் தெரியும். ஈரப்பதம் ஏறிய பெட்டிக்குள் அதே வேலை மெதுவாக நடக்க இடமுண்டு. மஞ்சள் தடவிய பத்திரிகைக்கு இடையே காரம் சேர்க்காத, அமிலமும் இல்லாத வெறும் தாளையே வையுங்கள். நீல நிற சயனோடைப் படங்களுக்கும் இதே விதிதான், காரம் பட்டால் அவை வெளிறும்.

நம் ஊரில் தாளுக்கு முதல் எதிரி ஈரம். ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சை வரும், பினாங்கில் அது பெரும்பாலான நாட்களில் வெளியே தாண்டித்தான் இருக்கிறது. கேமராக்காரர்கள் வைத்திருக்கும், உள்ளே ஈரத்தைக் கட்டுப்படுத்தும் மின் அலமாரியான டிரை கேபினெட்தான் நல்ல தீர்வு. 45 சதவீதத்தில் வையுங்கள். 30க்குக் கீழே இறங்கினால் ஜெலட்டின் இறுகி, படம் சுருண்டு வெடிக்கும். அது வாங்க முடியாவிட்டால் காற்றுப் புகாத பெட்டி, 10 லிட்டருக்கு 200 கிராம் சிலிக்கா ஜெல் (ஈரம் உறிஞ்சும் மணிகள்), உள்ளே ஒரு சின்ன ஈரப்பத மீட்டர். அளவு 35க்கு வந்தால் ஜெல்லில் பாதியை எடுத்துவிடுங்கள். நிறம் மாறிய ஜெல்லை 110 முதல் 120 டிகிரி சூட்டில் இரண்டு மணி நேரம் ஓவன் அடுப்பில் வைத்தால் திரும்பப் பயன்படும். மலிவு மீட்டர்கள் பத்து சதவீதம்கூடத் தப்புக் காட்டும். அதனால் ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டு, ஈர மணல் பதத்துக்கு மட்டும் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, மீட்டரோடு சேர்த்து ஜிப் பையில் ஓர் இரவு மூடி வையுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். எவ்வளவு விலகுகிறதோ அதை மீட்டரின் முதுகில் எழுதிவிடுங்கள்.

பூஞ்சை பிடித்த தாள் வந்தால் மற்றவற்றோடு சேர்க்காமல் காகித உறையில் தனியாக வைத்து உலர்த்துங்கள். பிளாஸ்டிக் உறை ஈரத்தைப் பூட்டிவிடும். பூஞ்சை தொட்டால் ஒட்டி இழுபடாமல் தூளாக உதிரும் நிலைக்கு வந்தபின், வீட்டுக்கு வெளியே, என்95 முகக்கவசம் போட்டுக்கொண்டு, மென்மையான தூரிகையால் தட்டலாம். ஈரத்துணி படவே கூடாது. ராமபாணப் பூச்சிக்குப் பயந்து நாப்தலின் உருண்டை போடுவதும் வேண்டாம், அந்த ஆவி சில பிளாஸ்டிக்கை இளக்கும். பூச்சி பிடித்த புத்தகத்தையும் தாளையும் ஜிப் பையில் இறுக மூடி ஃப்ரீசரில் -18 டிகிரியில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்ததும் பையைத் திறக்காமல் ஒரு நாள் அப்படியே விடுங்கள். கண்ணாடி நெகட்டிவை இதில் சேர்க்கக் கூடாது. புளித்த வினிகர் வாடை அடிக்கும் ஃபிலிம் நெகட்டிவ் கிடைத்தால் அன்றே தனியறைக்கு மாற்றுங்கள், அந்த ஆவி பக்கத்து ஃபிலிமையும் கெடுக்கும்.

உறைக்குப் பாலியெஸ்டர் அல்லது பாலிபுரொப்பிலீன். பிவிசி வாடை உள்ள மெத்தென்ற உறைகள் வேண்டவே வேண்டாம். லாமினேட் செய்வதை நினைத்தால் உண்மையில் வயிறு எரிகிறது. பழைய அடையாள அட்டையையும் பிறப்புச் சான்றையும் நல்லெண்ணத்தில் கொண்டுபோய்ச் சூட்டில் ஒட்டிவிடுகிறார்கள். ஒட்டிய பிளாஸ்டிக்கை வீட்டில் வைத்துப் பிரிக்க வழியில்லை. ஏற்கெனவே லாமினேட் ஆனதை அப்படியே விட்டு ஸ்கேன் மட்டும் எடுங்கள். எழுபது, எண்பதுகளின் பசை ஆல்பத்தில் ஒட்டிக்கொண்ட படத்துக்கு, வாசனையோ மருந்தோ சேர்க்காத பல் இடுக்கு நூலைப் பின்னால் கொடுத்து ரம்பம்போல் மெல்ல அசைத்துப் போகலாம். நூல் தடுத்தால் நிறுத்திவிடுங்கள். முடி உலர்த்தியின் சூடு ஜெலட்டினை இளக்கும், அதைத் தொடாதீர்கள். சட்டக் கண்ணாடியில் ஒட்டிய படத்தைக் கண்ணாடியோடே ஸ்கேனரில் கவிழ்த்துப் படியெடுங்கள்.

ஸ்கேன் 600 டிபிஐ, டிஃப் கோப்பு, முன்பக்கமும் பின்பக்கமும். ஓர் அஞ்சலட்டை 24 பிட்டில் சுமார் 20 மெகாபைட் வரும். புள்ளி நீக்கம், நிறத் திருத்தம் எல்லாம் நகலில் மட்டும்.

பதிவேட்டில் எண், அளவு, யாரிடம் எங்கே வாங்கியது, விலை, பின்பக்க எழுத்து எழுத்துப் பிழையோடு அப்படியே. ஊகத்தை ஊகம் என்றே எழுதுங்கள். தாளின் பின்னால் எண்ணை 2பி பென்சிலில் ஓரமாக, கெட்டியான கண்ணாடிப் பரப்பில் வைத்து, அழுத்தாமல் எழுத வேண்டும். எழுபதுகளுக்குப் பிந்தைய பிளாஸ்டிக் பூச்சுத் தாளில் பென்சில் பிடிக்காது. அதற்கு எண்ணை உறையில் எழுதுங்கள், பால்பாயின்ட் வேண்டாம். குடும்பத்தாரிடமிருந்து நேரே வாங்கியிருந்தால், ஸ்கேன் செய்த கோப்பை அவர்களுக்கும் ஒன்று கொடுத்து, படத்தில் இருப்பவர்களின் பெயரை அப்போதே இடமிருந்து வலமாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பொதுவில் போடுவதற்கு முன் ஒரு வார்த்தை அனுமதியும் கேளுங்கள்.