உகைரில் கிழித்த கோடு

குவைத்தின் தெற்கே, சவூதி எல்லையை ஒட்டி இருக்கிறது வஃப்ரா. ஒருபுறம் தக்காளியும் வெள்ளரியும் விளையும் பண்ணைகள், மறுபுறம் எண்ணெய் வயல். அந்த வயலில் நில அளவையாளனாகப் பல ஆண்டுகள் வேலை பார்த்தேன். புதிய கிணற்றுக்கு இடம் குறிப்போம், குழாய் செல்லும் பாதைக்கு முளை அடிப்போம். 1990-91 போரின் கண்ணிவெடிகள் அகற்றப்பட்ட இடம்தான் என்ற சான்று கைக்கு வராமல் எங்கும் கால் வைக்க மாட்டோம். அலுவலகச் சுவரில் தொங்கிய வரைபடத்தில் அந்த நிலத்துக்குப் ‘பிரிக்கப்பட்ட நடுநிலை மண்டலம்’ என்று பெயர் போட்டிருந்தது. பரப்பு ஏறத்தாழ 5,770 சதுர கிலோமீட்டர். எல்லை அளப்பதே பிழைப்பாகிவிட்ட ஒருவனுக்கு அந்தப் பெயர் உறுத்தாமல் போகுமா? இரண்டு நாடுகள் பொதுவில் வைத்துக்கொண்ட நிலம் எப்படி உருவானது என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன். படிக்கப் படிக்க என் தொழிலின் மேல் மதிப்பும் கூடியது, அச்சமும் கூடியது.

1922 நவம்பர் இறுதியில் கிழக்கு அரேபியாவின் அல்ஹசா கடற்கரையில் உகைர் என்ற சிறு துறைமுகத்தில் கூடாரம் அடித்துப் பேச்சு நடந்தது. நடு அரேபியாவின் நஜ்த் நாட்டுச் சுல்தான், பின்னாளில் சவூதி அரேபியாவை நிறுவிய இப்னு சவூத் நேரில் வந்திருந்தார். இராக்குக்காக சபீஹ் பே வந்தார். குவைத்தின் சார்பில் குவைத்தியர் ஒருவரும் இல்லை. அங்கிருந்த பிரிட்டிஷ் அரசியல் முகவர் மேஜர் மோர்தான் அதன் பிரதிநிதி. எல்லோருக்கும் மேலே இராக்கின் பிரிட்டிஷ் உயர் ஆணையர் சர் பெர்சி காக்ஸ். நாள் கணக்கில் பேசியும் பிடி கொடுப்பார் இல்லை. கடைசியில் காக்ஸ் ஒரு சிவப்புப் பென்சிலை எடுத்து, வளைகுடாவிலிருந்து டிரான்ஸ்ஜோர்டான் (இன்றைய ஜோர்டான்) பக்கம் வரை வரைபடத்தில் கோடு கிழித்தார் என்று உடனிருந்த பிரிட்டிஷ் அதிகாரி ஹெரால்ட் டிக்சன் பிற்காலத்தில் எழுதினார். இப்னு சவூத் கேட்ட நிலத்தில் பெரும்பகுதி இராக்குக்குப் போனது. அதற்கு ஈடாக, குவைத் தன்னுடையது என்று நம்பியிருந்த நிலத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நஜ்துக்குப் போனது. குவைத்தின் ஷேக் அகமதுக்குச் செய்தி பிறகுதான் சொல்லப்பட்டது. சிறியவனிடம் பிடுங்கிப் பெரியவனைச் சமாதானப்படுத்திய அந்த ஏற்பாட்டை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

அங்கே இப்னு சவூத் வைத்த வாதம் கவனிக்கத்தக்கது. பாலையில் கோடு போடக் கூடாது, என்னைச் சேர்ந்த இனக்குழு எங்கே மேய்கிறதோ, எந்தக் கிணற்றில் குடிக்கிறதோ அதுவரை என் நிலம் என்றார். அதில் பேராசை இருந்தது. அந்தக் கணக்குப்படி அவர் நாடு யூப்ரட்டீஸ் ஆற்றங்கரை வரை போயிருக்கும். ஆனாலும் அவருக்கு நிலம் தெரிந்திருந்தது. ஓர் ஆண்டு பச்சைப் போர்வை போர்த்திய இடத்தில் மறு ஆண்டு ஒரு தூறல்கூட விழாது. பசும்புல் கிடைத்தால் குளிர்காலத்தில் ஒட்டகம் வாரக்கணக்கில் தண்ணீர் இல்லாமல் தாங்கும், ஆகவே ஒட்டகக்காரர்கள் மழை பெய்த திசையெல்லாம் போவார்கள். கோடை வந்துவிட்டால் எல்லோரும் கிணற்றடிக்குத் திரும்பியாக வேண்டும். அந்த வாழ்க்கைக்கு எல்லை என்று ஒன்று உண்டென்றால் அது கிணறுகளைச் சுற்றித்தான் இருக்கும்.

இதை நான் படித்துத் தெரிந்துகொண்டதைவிடப் பார்த்துத் தெரிந்துகொண்டதே அதிகம். நல்ல மழை பெய்த ஒரு ஜனவரியில், நாங்கள் முளை அடித்து வந்த பாதையின் குறுக்கே ஓர் ஒட்டக மந்தை வந்தது. அர்ஃபஜ் செடிகள் அப்போதுதான் துளிர்த்திருந்தன. முளைகளில் நாங்கள் கட்டியிருந்த சிவப்பு நாடாவை ஒரு குட்டி இழுத்து மென்றது. பின்னால் பிக்கப் வண்டியில் வந்த முதியவர் இறங்கி முளைகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். “முஹந்திஸ் (பொறியாளரே), வேலி வருமா?” என்று கேட்டார். குழாய்தான் வருகிறது, புதைத்துவிடுவார்கள் என்றேன். “வேலி இல்லையென்றால் சரி” என்று சொல்லிவிட்டு, மேற்கே கைகாட்டி, அந்தப் பக்கம் தம் பாட்டனார் காலத்துக் கிணறு ஒன்று தூர்ந்து கிடப்பதாகச் சொன்னார். எங்கள் வரைபடத்தில் அது இல்லை. மறுநாள் போய் அளந்து சேர்த்தேன்.

ஆநிரை கவர்தலை வெட்சி என்றும், மீட்டலைக் கரந்தை என்றும் பாடி, அதில் மாண்டவனுக்கு நடுகல் நட்ட மரபு நம்முடையது. அரபுப் பாலையின் பழைய ஒட்டகக் கொள்ளை நமக்கு எளிதில் விளங்கும். அதில் வீரம் பேசப்பட்டது, பெண்களைத் தொடக் கூடாது என்ற நெறியும் இருந்தது. 1920-களில் இராக், குவைத், டிரான்ஸ்ஜோர்டான் எல்லைகளில் நடந்தது வேறு. இப்னு சவூத் குடியமர்த்தி, மதப்பற்று ஊட்டி வளர்த்த இக்வான் படையினர், பகைவரின் ஆண்மக்களைக் கொல்வதைக் கடமையாகக் கொண்டார்கள். 1920 அக்டோபரில் முதைர் குழுவின் தலைவர் ஃபைசல் அல்தவீஷ் குவைத்தின் ஜஹ்ராவைத் தாக்கி, அப்போதைய ஷேக் சாலிமை அவ்வூர்ச் செங்கோட்டைக்குள் முற்றுகையிட்டார். இராக் பக்கம் அதிகம் செத்தவர்கள் செம்மறி மேய்ப்பவர்கள். செம்மறிக்கு அடிக்கடி தண்ணீர் காட்ட வேண்டும், அதை ஓட்டிக்கொண்டு ஒட்டகப் படையிடமிருந்து தப்பி ஓடவும் முடியாது. இக்வான்களின் துணிச்சலை வியந்து எழுதுபவர்களை நானும் படித்திருக்கிறேன். அந்த மேய்ப்பர்களை நினைத்தால் என்னால் வியக்க முடியவில்லை.

பிரிட்டிஷ் பேரரசின் பக்கம் என்ன நடந்தது? அந்தக் காலத்துக் கோப்புகள் பல இப்போது இணையத்தில் கிடைக்கின்றன. குவைத் முகவரின் கடிதம் பாரசீகக் கரையில் புஷைரில் இருந்த மேலதிகாரியான ரெசிடென்டுக்குப் போகும், அங்கிருந்து டெல்லிக்கோ சிம்லாவுக்கோ போகும், ஏனென்றால் வளைகுடா முகவர்கள் இந்திய அரசின் ஊழியர்கள். இராக்கும் டிரான்ஸ்ஜோர்டானும் 1921 முதல் லண்டன் காலனி அலுவலகத்தின் பொறுப்பு. செங்கடல் கரை ஜித்தாவில் இருந்த பிரிட்டிஷ் பிரதிநிதி, வெளியுறவு அலுவலகத்தின் பொறுப்பு. ஒரே எல்லைக்கு மூன்று எஜமானர்கள். பல துறைகளின் ஒப்புதலுக்குக் காத்திருந்து வேலை பார்த்த எவருக்கும் அந்தத் தந்திகளின் தொனி நன்றாகப் புரியும்.

1925 நவம்பரில் பிரிட்டிஷ் தூதர் கில்பர்ட் கிளேட்டன் பஹ்ராவில் இராக்குக்கும் நஜ்துக்கும் இடையே செய்துவைத்த உடன்பாடு எல்லை தாண்டிய கொள்ளையைக் குற்றமாக்கியது, இருதரப்பு நடுவர் மன்றம் அமைக்க வகை செய்தது, எல்லை கடக்க அனுமதிச் சீட்டு வேண்டும் என்றது. அதே மூச்சில், மேய்ச்சலுக்காகப் போகிறவருக்குச் சீட்டை மறுக்கக் கூடாது என்றும் சொன்னது. நல்ல விதிதான். ஆனால் உகைர் உடன்பாட்டில் ஓர் ஓட்டை இருந்தது. எல்லைக்கு அருகே உள்ள கிணறுகளில் கோட்டை கட்டக் கூடாது என்று எழுதினார்கள், எத்தனை மைல் வரை என்று எழுதவில்லை. தொலைவு குறிக்காத எல்லை விதியை எந்த அளவையாளனும் ஏற்றுக்கொள்ள மாட்டான். 1927-இல் இராக் அரசு புசய்யா கிணற்றடியில் காவல் நிலையம் எழுப்பத் தொடங்கியது. எல்லையிலிருந்து வெகுதொலைவு என்றது பிரிட்டன். விதியை மீறிவிட்டார்கள் என்றது நஜ்த். நவம்பரில் முதைர் ஆட்கள் இரவில் புகுந்து கட்டுமானத் தொழிலாளர்களையும் காவலர்களையும் வெட்டிக் கொன்றார்கள். கூலிக்குச் செங்கல் சுமக்க வந்தவர்கள் அந்தத் தொழிலாளர்கள். பாலையில் வேலைத்தளம் போட்டுத் தங்கியிருந்த எனக்கு அந்தப் பக்கத்தைச் சாதாரணமாகக் கடக்க முடியவில்லை.

பிறகு நடந்தவை வேகமாக நடந்தன. பிரிட்டிஷ் விமானங்கள் குண்டு வீசின. 1929 மார்ச்சில் சபிலாவில், தனக்கு எதிராகத் திரும்பிய தன் இக்வான்களை இப்னு சவூதே முறியடித்தார். அவ்வாண்டுக் கோடையில் தவீஷின் மகன், கிணறுகள் எதிரிகள் கையில் இருந்ததால், தன் ஆட்களோடு தாகத்தில் இறந்தான். 1930 ஜனவரியில் தவீஷ் பிரிட்டிஷாரிடம் சரணடைந்தார். உயிருக்கு ஊறு செய்வதில்லை என்ற உறுதியின் பேரில் அவரை இப்னு சவூதிடம் ஒப்படைத்தார்கள். மறு ஆண்டு ரியாத் சிறையில் இறந்தார். 1930 பிப்ரவரியிலேயே லூபின் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில் இராக் மன்னர் ஃபைசலும் இப்னு சவூதும் சந்தித்துப் பேசினார்கள்.

உகைரில் செய்தவற்றுள் எனக்கு மதிப்பு உள்ளது ஒன்றுண்டு. கோடு போட முடியாத இரண்டு இடங்களைக் கோடு போடாமல் விட்டார்கள். குவைத்துக்குத் தெற்கே ஒன்று, இராக்குக்குத் தெற்கே ஒன்று. இருபுறத்து மந்தைகளும் அங்கே மேயலாம், குடிக்கலாம். குவைத் பக்கத்து மண்டலத்தில் 1953-இல் வஃப்ராவில் எண்ணெய் கிடைத்தது. 1965-இல் செய்த ஒப்பந்தப்படி நிலத்தைப் பிறகு இரண்டாகப் பிரித்தார்கள், ஆனால் எண்ணெய் வளத்தைப் பிரிக்கவில்லை. அது இன்றும் சரிபாதிப் பங்கு. அதனால் நாங்கள் வரைந்த இடக்குறிப்புத் தாள்களுக்கு இரு தரப்பு ஒப்புதலும் வேண்டும். புதிதாகச் சேர்ந்த இளைஞர்கள், இவ்வளவு தாமதமா சார் என்று சலித்துக்கொள்வார்கள். நான் உகைரில் தொடங்கிக் கதையைச் சொல்வேன், புசய்யாவுக்கு வரும்போது அவர்கள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்பார்கள்.