ஒரு துளி இரத்தத்தைப் பின்தொடருங்கள்: உடற்கூற்றியல், உடற்றொழிலியல் இறுதிப் பரீட்சைக்கு

பெறுபேறு வந்துவிட்டது. உடற்கூற்றியலும் உடற்றொழிலியலும் கரைசேர்ந்துவிட்டன. நேற்றிரவுதான் நீண்ட நாட்களுக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினேன். விடுதியில் அடுத்த அணித் தங்கைமார் கண்ட இடத்தில் மறித்து, "அக்கா, எந்தக் குறிப்பைப் படித்தீர்கள்?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை, அதனால் எழுதுகிறேன். மட்டக்களப்பில் தாதியர் பயிற்சியில் இருக்கும் உங்களுக்கு வினாத்தாளின் அமைப்பைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. நேரே விடயத்துக்கு வருகிறேன்.

புத்தகத்தை மூடுங்கள். வெற்றுத்தாள் ஒன்றை எடுங்கள். கால் பெருவிரலில் ஒரு துளி இரத்தம் நிற்கிறது என்று வைத்துக்கொண்டு, அது மீண்டும் அதே விரலுக்குத் திரும்பும் வரை வழியில் வரும் ஒவ்வொரு குழாயையும் அறையையும் வால்வையும் பெயர் சொல்லி வரையுங்கள். உட்கணுக்காலின் முன்புறமாக ஏறும் சபீனஸ் நாளம், தொடை இடுக்கில் தொடை நாளம், இலியாக் நாளங்கள், கீழ்ப் பெருநாளம், வலது சோணையறை, முக்கூர் வால்வு, வலது இதயவறை என்று போய்க்கொண்டே இருக்கும். எங்கே பேனா நிற்கிறதோ அங்கே உங்களுக்குத் தெரியாது. அந்த இடத்தை மட்டும் புத்தகத்தில் பாருங்கள்; தாளைக் கிழித்துவிட்டு முதலிலிருந்து வரையுங்கள்.

நான் பெற்ற புள்ளிகளில் பெரும்பகுதி இந்த ஒரு பழக்கத்தால் வந்தது என்று உறுதியாகச் சொல்வேன். எனக்கு மனனம் வராது. இருபது வரிப் பட்டியலை ஒப்புவிக்கச் சொன்னால் ஏழாவது வரியில் நின்றுவிடுவேன். ஆனால் ஒன்றுக்குப் பின் ஒன்றாக நடப்பதை மறக்க மாட்டேன். உங்களுக்கு மனனம் நன்றாக வருமென்றால், நான் சொல்வதில் பாதி உங்களுக்கு உதவாமல் போகலாம். மற்றப் பாதி கட்டாயம் உதவும்.

இதயத்திலிருந்து தொடங்குங்கள். காத்தான்குடித் தோழி ஒருத்தி இறைச்சிக் கடையில் சொல்லிவைத்து ஆட்டு இதயம் ஒன்றை முழுதாக வாங்கி வந்தாள். பெருநாடி கொஞ்சம் நீளமாக விட்டு வெட்டப்பட்டிருந்ததுதான் எங்கள் அதிர்ஷ்டம். வெட்டுவதற்கு முன் அந்தக் குழாயைப் பிடித்து நிமிர்த்தி, குவளைத் தண்ணீரை உள்ளே மெதுவாக ஊற்றினோம். தண்ணீர் கீழே இறங்கவில்லை. அடியில் அரைமதி வால்வின் மூன்று மடல்களும் உப்பி, ஒன்றோடொன்று விளிம்பு சேர்ந்து நின்றன. அவற்றுக்குச் சற்று மேலே, பெருநாடிச் சுவரில் இரண்டு சிறு துளைகள். முடியுரு நாடிகள் தொடங்கும் இடம் அதுதான். இதயத் தசைக்கு, அதிலும் இடது இதயவறைக்கு, இரத்தம் பெரும்பாலும் இதயம் தளரும் வேளையிலேயே போகிறது என்ற வசனத்தை எத்தனையோ தடவை வாசித்திருக்கிறேன். அன்று விரல் நுனியை அந்தத் துளையில் வைத்தபோதுதான் அது மனதில் இறங்கியது.

பிறகு நீளவாக்கில் வெட்டினோம். இடது இதயவறையின் சுவர் வலதினுடையதைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு தடிப்பு. இரண்டும் ஒரு துடிப்பில் வெளியேற்றும் இரத்தத்தின் அளவு ஒன்றே. அமுக்கம்தான் வேறு: இடப்பக்கம் உச்சத்தில் 120 மி.மீ. இரசம் அளவு, வலப்பக்கம் 25 அளவு. சரி, பிழை வினாக்களில் இந்த இடத்தில்தான் வலை விரிப்பார்கள். "இடது இதயவறை கூடுதல் இரத்தத்தை வெளியேற்றுகிறது" என்ற வசனத்தைக் கண்டதும் பலருடைய கை 'சரி' என்பதற்குப் போய்விடுகிறது.

வால்வுகளைப் பற்றி இன்னொன்று. அவற்றைத் தசை எதுவும் இழுத்துத் திறப்பதில்லை. நம் வாவியில் மாரி வெள்ளம் ஏறும்போது முகத்துவாரத்து மணல்மேடு கடற்பக்கம் உடைத்துக்கொள்கிறது அல்லவா? அதுபோல உயர்ந்த அமுக்கம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்திலிருந்துதான் வால்வும் தள்ளப்பட்டுத் திறக்கும். அமுக்கம் மறுபக்கம் கூடினால் மூடிக்கொள்ளும். சிம்பித் தசைகளும் நாண்களும் மடல் சோணையறைக்குள் பிரளாமல் பிடித்துக்கொள்ள மட்டுமே. இதைப் பிடித்துக்கொண்டால் முதலாம் இதய ஒலி, இரண்டாம் இதய ஒலி எல்லாம் தாமாகவே வரும். முதலாவது, சோணையறைக்கும் இதயவறைக்கும் இடையிலுள்ள வால்வுகள் மூடும்போது. இரண்டாவது, அரைமதி வால்வுகள் மூடும்போது.

நான் திரும்பத் திரும்ப வரைந்த பாதைகள் இவை:

- புறங்கையிலுள்ள கனுலா வழியாக ஏற்றிய மருந்து, சிறுநீராக வெளியேறும் வரை.
- கால் நாளத்தில் கழன்ற இரத்தக்கட்டி. முதலில் சிக்குவது சுவாசப்பையில்; மூளையில் அல்ல. ஏன் என்று ஒரு வரி எழுதுங்கள்.
- விழுங்கிய மாத்திரை: குடலிலிருந்து ஈரல் வாயிநாளம் வழியாக முதலில் ஈரலுக்கு. நாக்கின் கீழ் வைத்த மாத்திரை ஈரலை ஏன் சந்திக்காமல் போகிறது என்பதை அதே தாளில் பக்கத்தில் வரையுங்கள்.
- துடிப்பைத் தொடக்கும் குடாச்சோணைக் கணுவிலிருந்து புர்கிஞ்சி நார்கள் வரை மின் கணத்தாக்கம். சோணையறைகளுக்கும் இதயவறைகளுக்கும் இடையிலுள்ள கணுவில் ஏற்படும் சுமார் 0.1 செக்கன் தாமதத்தை விடாதீர்கள். அந்த இடைவெளியில்தான் சோணையறைகள் சுருங்கி முடிக்கின்றன.
- மூக்குத் துவாரத்திலிருந்து செங்குழியம் வரை ஓர் ஒட்சிசன் மூலக்கூறு.
- பிறவாத குழந்தையின் சுற்றோட்டம். இதற்கு ஒரு முழு மாலையை ஒதுக்குங்கள்.

மூச்சுப்பாதையை வரையும்போது, வாதனாளி இரண்டாகப் பிரியுமிடத்தில் வலப்பக்கக் கிளையை அகலமாகவும் குட்டையாகவும் நிமிர்ந்தும் வரைந்து பழகுங்கள். குழந்தை கச்சானை விழுங்கிப் புரையேறினால் அது எந்தப் பக்கம் போகும் என்ற கேள்விக்குப் படமே விடை சொல்லும்.

இப்போது உடற்றொழிலியலுக்கு வருகிறேன். கட்டமைப்பு வினாவில் ஆட்கள் விழுவது இங்கேதான். தொகுதி தொகுதியாகப் படிக்கிறோம்: இன்று இதயம், நாளை சிறுநீரகம், மறுநாள் ஓமோன். வினா அப்படி வருவதில்லை. "பிரசவத்தின் பின் இரத்தப்போக்கு ஏற்பட்ட தாயின் உடல் அமுக்கத்தை எவ்வாறு பேணுகிறது?" என்று கேட்டால் பல அத்தியாயங்களிலும் கை வைக்க வேண்டும். இதையும் பாதையாகவே வரையுங்கள். இரத்தம் குறைகிறது, கரொட்டிட் நாடியிலும் பெருநாடி வில்லிலும் உள்ள அமுக்க வாங்கிகள் குறைவாக இழுபடுகின்றன, நீள்வளைய மையவிழையத்துக்குச் செய்தி குறைகிறது, பரிவு நரம்புகள் முடுக்கப்படுகின்றன, துடிப்பு கூடுகிறது, தோலின் குழாய்கள் சுருங்குகின்றன, கை சில்லிடுகிறது. மறுபுறம் சிறுநீரகம் ரெனினைச் சுரக்கிறது. ஈரல் தந்த அஞ்சியோடென்சினோஜன் அஞ்சியோடென்சின் ஒன்றாகிறது. சுவாசப்பையில் உள்ள நொதியம் அதை அஞ்சியோடென்சின் இரண்டு ஆக மாற்றுகிறது. அது குழாய்களைச் சுருக்குகிறது, அதிரீனல் மேற்பட்டையிலிருந்து அல்டோஸ்தெரோனைச் சுரக்கவைக்கிறது, சோடியம் மீள உறிஞ்சப்படுகிறது. கபச்சுரப்பியின் பின்பக்கத்திலிருந்து ஏ.டீ.எச். என்ற ஓமோன் வெளியாகித் தண்ணீரைத் தடுத்து வைக்கிறது. தாகமும் எடுக்கிறது. ஒரு தாளில் மூளை, இதயம், சிறுநீரகம், ஈரல், சுவாசப்பை, அதிரீனல் எல்லாம் வந்துவிட்டன.

இதை வரைந்த பிறகு வார்டில் எதைப் பார்த்தாலும் அர்த்தம் தெரிகிறது. மாரி தொடங்கினால் டெங்கு நோயாளர்கள் வந்துவிடுவார்கள். மேல் அமுக்கம் 100 என்று கண்டு நிம்மதியடையக் கூடாது. கீழ் அமுக்கம் 80 என்றால் இடைவெளி 20 மட்டுமே. மயிர்க்குழாய்களிலிருந்து திரவவிழையம் கசிகிறது, குழாய்கள் இறுகி அமுக்கத்தைத் தாங்கிப் பிடிக்கின்றன என்று அந்த இரண்டு எண்களும் சொல்கின்றன. உடனே தெரியப்படுத்த வேண்டும். இந்தப் பாடம் பரீட்சையோடு முடிகிற ஒன்றல்ல, தங்கைமாரே. ஒரு பிள்ளையின் உயிர் இதில் இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

எண்களைத் தனியாகப் பாடமாக்க வேண்டாம். பெருக்கிப் பாருங்கள். ஒரு துடிப்புக்கு 70 மில்லிலீற்றர், நிமிடத்துக்கு 72 துடிப்பு, ஆகவே 5 லீற்றர் அளவு. அதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சிறுநீரகங்களுக்குப் போகிறது. வடிவது நிமிடத்துக்கு 125 மில்லிலீற்றர். 60ஆலும் 24ஆலும் பெருக்கினால் நாளொன்றுக்கு 180 லீற்றர். வெளியேறும் சிறுநீர் ஒன்றரை லீற்றர் அளவே. மிச்சம் எங்கே போனது என்று உங்களை நீங்களே கேட்டால் சிறுநீரகத்தி (நெப்ரோன்) என்ற நுண்ணிய வடிகட்டும் அலகு முழுவதும் பாடமாகிவிடும். மூச்சிலும் இப்படித்தான்: ஒரு மூச்சில் உள்ளே போகும் 500 மில்லிலீற்றரில், வாயு மாற்றம் நடக்காத குழாய்களில் தங்கும் 150ஐக் கழித்தால் சிற்றறைகளுக்குப் போவது 350.

முந்திய அணிகளிலிருந்து கைமாறி வரும் நிழற்பிரதிக் கட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பிரதியின் பிரதியாகி, படத்தில் கோடு எந்த உறுப்பைத் தொடுகிறது என்றே தெரியாத நிலையில் இருக்கிறது. ஒட்சிசன் குறைந்த இரத்தம் ஓடுவதால் நீலம் பூச வேண்டிய சுவாசப்பை நாடிக்குச் சிவப்பு மை பூசிய ஒரு பக்கத்தை என் கண்ணால் கண்டேன். அதில் கடந்தகால வினாக்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். விடைகளை நம்ப வேண்டாம்.

குழுவாகப் படிப்பதும் எனக்கு ஒத்துவரவில்லை. நால்வர் கூடினால் தெரிந்ததையே திரும்பப் பேசுகிறோம். ஒருவர் போதும்: நீங்கள் தாளில் வரைய, அவர் "ஏன்?" என்று மட்டும் கேட்க வேண்டும். அதிகாலை நான்கு மணிக்கு விடுதி அடங்கியிருக்கும்போது நான் வரைவேன். ஞாயிறு வீட்டுக்குப் போகும்போது களுவாஞ்சிகுடி பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு அதே பாதையை மனதில் ஓட்டுவேன்.

குறைந்த நேரத்தில் புள்ளி தருபவை:

- முண்ணாண் முதலாம், இரண்டாம் நாரி முள்ளந்தண்டென்புகளின் மட்டத்தில் முடிகிறது. அதனால்தான் முதுகில் குத்தும் ஊசி மூன்றாம், நான்காம் நாரி முள்ளந்தண்டென்புகளுக்கு இடையில்.
- பிட்டத்தில் ஊசி, அதை நான்காகப் பிரித்தால் வரும் மேல் வெளிப் பகுதியில். சயாட்டிக் நரம்பின் பாதையையும் வரைந்தே காட்டுங்கள்.
- முண்ணாண் நரம்புகள் 31 சோடி: கழுத்து 8, நெஞ்சு 12, நாரி 5, திருவென்பு 5, வால் 1.
- வலது சிறுநீரகம் சற்றுத் தாழ்ந்தது, மேலே ஈரல்.

கடைசியாக ஸ்பொட், அதாவது மேசையில் வைத்த மாதிரியைப் பார்த்து அடையாளம் சொல்லும் செய்முறைப் பரீட்சை. எலும்பின் பெயர் எல்லோருக்கும் தெரியும். இடதா வலதா என்பதில்தான் நேரம் போகிறது, மணி அடித்துவிடுகிறது. படத்தில் பார்த்து இது வராது; கையில் எடுக்க வேண்டும். தொடையென்பைத் தூக்கி, உருண்டைத் தலை உடலின் நடுவை நோக்கவும் கரடான நீள்கோடு பின்னால் இருக்கவும் உங்கள் தொடையின் மேல் வைத்துப் பாருங்கள். தோட்பட்டை என்பில் முள் பின்னால், குழி வெளிப்பக்கம். காறை என்புதான் கடினம்: உருண்ட முனை நெஞ்சுப் பக்கம், தட்டை முனை தோள் பக்கம், நெஞ்சை அடுத்த வளைவு முன்னோக்கி, தவாளிப்பு கீழே. பரீட்சை வாரத்தில் எலும்புப் பெட்டிக்கு வரிசை நிற்கும். அதற்கு முந்திய வாரமே, மதிய உணவு நேரத்தில் செய்முறை அறைக்குப் போய்ப் பொறுப்பாளரிடம் கேளுங்கள். தருவார்கள்.